டிபன் கடையை மூடிட்டு தங்கச்சி பிள்ளை காதுகுத்துக்குப் போகணும்: மாவு, ஃப்ரிட்ஜ், கேஸ், ஆளுங்க எல்லாத்தையும் எப்படி விட்டுட்டுப் போறது?

கேட்டவர்: நொய்யல் டிபன்

வணக்கம்ங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனிகள் இருக்கிற தெருவுல 6 டேபிள் டிபன் கடை. காலை 6 முதல் 11.30 வரை, சாயந்தரம் 6 முதல் 10 வரை. ஒரு நாளைக்கு 8 கிலோ இட்லி அரிசி, 2 கிலோ உளுந்து ஆட்டுறோம். நான், வீட்டுக்காரம்மா, ஒரு மாஸ்டர், சப்ளைக்கு ஒரு தம்பி, பாத்திரம் கழுவ ஒரு அக்கா. மாதக் கணக்குல சாப்பிடுற பசங்க 14 பேர்.

காரைக்குடிப் பக்கம் தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து, திங்கட்கிழமை காலை. நான் தாய்மாமன். மடியில உட்கார வைக்கிறதும் சீரும் நாங்கதான், அதனால போகாம இருக்க முடியாது. ஞாயிறு மதியம் கிளம்பி, திங்கள் விசேஷம் முடிச்சு, செவ்வாய் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி பார்த்துட்டு ராத்திரி வந்து சேரலாம்னு இருக்கோம். புதன் காலை கடை திறக்கணும். மாஸ்டர்கிட்ட விட்டுட்டுப் போறதா, மூடிட்டுப் போறதா? மூடினா எதை எப்படி விட்டுட்டுப் போகணும்? விவரமா சொல்லுங்க.

பதில்: கல்லாப்பெட்டி

உங்க திட்டத்துல கிளம்புற நேரம் சரி, திரும்புற நேரம்தான் சரியில்ல. செவ்வாய் ராத்திரி 9 மணிக்கு வந்து இறங்கினா புதன் காலை இட்லி கிடையாது. அரிசி 4 மணி நேரம் ஊறணும், ஆட்ட ஒன்றரை மணி நேரம், புளிக்க 8 முதல் 10 மணி நேரம். காலை 5 மணிக்குத் தட்டு ஏறணும்னா முந்தின நாள் சாயந்தரம் 7 மணிக்குள்ள உப்புப் போட்டுக் கரைச்சு வச்சிருக்கணும். அப்படின்னா அரிசி மதியம் 1 மணிக்குத் தண்ணியில இருக்கணும், உளுந்து 4 மணிக்கு. டிசம்பர், ஜனவரி குளிர்னா புளிக்க இன்னும் 2, 3 மணி நேரம் சேர்த்துக்கோங்க.

இதுக்கு வழி ரெண்டு. ஒண்ணு, பிள்ளையார்பட்டியைத் திங்கள் சாயந்தரமே முடிச்சிருங்க. விசேஷம் மதியச் சாப்பாட்டோட முடிஞ்சிரும், கோயில் நடை மதியம் சாத்தி 4 மணிக்கு மேல திறப்பாங்க. குன்றக்குடியும் பக்கத்துலயேதான். செவ்வாய் விடியற்காலை கிளம்பினா திருச்சியில பஸ் மாறினாலும் மதியத்துக்குள்ள வந்துரலாம். இன்னொண்ணு, மாஸ்டர்கிட்ட சாவியைக் கொடுத்து, செவ்வாய் மதியம் வந்து ஊறப்போட்டு ஆட்டி வைக்கச் சொல்லுங்க. அதுக்கு அரை நாள் கூலி தனியாக் கொடுங்க. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு நாலையும் அளந்து தனித்தனிப் பையில கட்டி வச்சிட்டா அவருக்கும் குழப்பம் இருக்காது.

ரெண்டும் முடியலைன்னா புதன் காலை மட்டும் இட்லி, தோசை இல்லாம ஓட்டுங்க. வெண்பொங்கல், பூரி கிழங்கு, ரவா கிச்சடி போதும். பொங்கலுக்கு 1 கிலோ பச்சரிசிக்குக் கால் கிலோ பாசிப்பருப்பு, தண்ணி அஞ்சு மடங்கு. புளிக்க வைக்கிற வேலையே இல்ல. அடை வேணும்னா அதுவும் 3 மணி நேரம் ஊறினாப் போதும்.

தயவுசெஞ்சு பழைய மாவை ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டுப் போய் புதன்கிழமை ஊத்தாதீங்க. சனிக்கிழமை ஆட்டின மாவு ஞாயிறு இட்லிக்கு, திங்கள் தோசைக்கு, செவ்வாய் ஊத்தப்பத்துக்குன்னு குளிர்ல வச்சு ஓட்டலாம். நாலாவது நாள் புளிப்பு ஏறிப்போய், கல்லுல ஒட்டும், மொறுமொறுப்பு வராது. நடுவுல கரண்ட் போயிருந்தா இன்னும் மோசம். மூணு நாள் மூடியிருந்த கடைக்கு நம்பி வர்றவர் முதல் வாயில புளிச்ச தோசை சாப்பிடக் கூடாது.

கிளம்புற பக்கத்துக் கணக்கு: சனி சாயந்தரம் பாதி மட்டும் ஆட்டுங்க, 4 கிலோவுக்கு 1 கிலோ. கிலோ அரிசிக்கு 50 இட்லின்னு வச்சா 200 இட்லி அளவு மாவு. ஞாயிறு காலைக்கு அது போதும், கம்பெனி லீவு, கூட்டம் குறைவுதான். சம்பளம் வாங்குற சனி ராத்திரிக்கு வெள்ளிக்கிழமை மாவு இருக்கும். ஞாயிறு 11 மணிக்கு மிச்சம் இருக்கிறதைச் சின்ன இட்லியா ஊத்தி, ஆறவிட்டு, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் புரட்டிக் கட்டுங்க. பஸ்ஸுல ராத்திரி வரைக்கும் தாங்கும். சட்னி எடுத்துட்டுப் போகாதீங்க, தேங்காய் சாயந்தரத்துக்குள்ள கெட்டுரும். மீந்த சாம்பார், குருமா எதையும் வைக்க வேண்டாம்.

பால்காரருக்கு வெள்ளிக்கிழமையே சொல்லிருங்க. காய்கறி வியாழக்கிழமையில இருந்தே குறைச்சு வாங்குங்க. வெங்காயம், உருளை மூட்டையிலயே கட்டிக் கிடந்தா அடியில ஒண்ணு அழுகி மொத்தமும் போயிரும், சாக்கைப் பிரிச்சுத் தரையில பரப்புங்க. உடைச்ச தேங்காய் ஒண்ணுகூட இருக்கக் கூடாது, முழுத் தேங்காய் குடுமியோட இருந்தா ஒண்ணும் ஆகாது.

பதில்: அடுப்படி அக்கா

மாவு விஷயம் மேல சொல்லியாச்சு. நான் கடைக்குள்ள செய்ய வேண்டியதைச் சொல்றேன் தம்பி.

கேஸ்: 19 கிலோ சிலிண்டர் ரெண்டு போட்டு லைன்ல ஓட்டுவீங்க. அடுப்புத் திருகை மட்டும் அடைச்சுட்டுப் போறது போதாது. அடுப்பு எரியும்போதே முதல்ல சிலிண்டர் வால்வை மூடணும். லைன்ல இருக்கிற கேஸ் எரிஞ்சு சுடர் தானா அணையும். அப்புறம் அடுப்புத் திருகை மூடணும். இப்படிச் செஞ்சா ரப்பர் குழாய்க்குள்ள அழுத்தம் நிக்காது. எலி குழாயைக் கடிச்சாலும் கசிய ஒண்ணும் இருக்காது. ரெண்டு சிலிண்டர்லயும் வால்வை மூடியாச்சான்னு கையால தொட்டுப் பாருங்க. திரும்பி வந்ததும் ஷட்டரைத் தூக்கி அஞ்சு நிமிஷம் காத்து போகவிட்டு, வாசனை இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் ஸ்விட்ச் எதையும் தொடணும்.

ஃப்ரிட்ஜ்: காலி பண்ண முடிஞ்சா பண்ணி, துடைச்சு, பிளக்கைப் பிடுங்கி, கதவு இடுக்குல துணி மடிச்சு வச்சுத் திறந்தே விடுங்க. மூடி வச்சா ரெண்டே நாள்ல ரப்பர் ஓரமெல்லாம் பூஞ்சை பிடிச்சு, அந்த நாத்தம் போக ஒரு வாரம் ஆகும். வெண்ணெய், பச்சைப் பட்டாணி மாதிரி ஏதாவது வச்சே ஆகணும்னா, ஃப்ரீசர்ல ஒரு டம்ளர் தண்ணியை உறைய வச்சு, அது மேல ஒரு ரூபாய் காசு வைங்க. வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தா சரி. உள்ள இறங்கியிருந்தா கரண்ட் ரொம்ப நேரம் போயிருக்குன்னு அர்த்தம், உள்ள இருக்கிறதை யோசிக்காம வெளிய போட்டுருங்க.

எண்ணெய்: பூரி, வடை சுட்ட எண்ணெயைச் சட்டியிலயே மூடி வைக்காதீங்க. அடியில கிடக்கிற மாவுத்தூள் எண்ணெயைக் கெடுத்துரும், திரும்பி வந்து சூடு பண்ணினா நுரைக்கும். ஞாயிறு காலைக்கு ஊத்தும்போதே குறைவா ஊத்தி, மிச்சமானதைப் பழைய எண்ணெய் வாங்குறவங்களுக்குக் கொடுத்துருங்க. அரசாங்க விதிப்படி மொத்தத் துருவச் சேர்மம் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதுல சேர்ற கெட்டுப்போன பொருள்) 25 சதவீதம் தாண்டின எண்ணெயைச் சமையலுக்கு வைக்கவே கூடாது. நம்மகிட்ட அளக்கிற கருவி இருக்காது. கருத்து, கெட்டியாகி, சீக்கிரமே புகையுதுன்னா அதோட நேரம் முடிஞ்சுதுன்னு வச்சுக்கணும்.

தோசைக்கல்: சுரண்டித் துடைச்சு, லேசா சூடா இருக்கும்போதே நல்லெண்ணெய் மெலிசாத் தடவி வைங்க. ஈரத்தோட விட்டா துரு ஏறும். புதன் காலை பாதி வெங்காயத்தை எண்ணெயில தொட்டு நல்லாத் தேய்ச்சு, முதல் ரெண்டு தோசையைக் கழிச்சு விடுங்க.

கிரைண்டர்: குழவியைக் கழட்டிக் கழுவி, தனியா வச்சுக் காய விடுங்க. கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவுல இருக்கிற மாவுதான் புழு வைக்கிற இடம். மூடி போட வேண்டாம். இட்லித் துணியைக் கொதிக்க வச்சு வெயில்ல காயப்போட்டு எடுத்து வைங்க.

கரப்பான், எலி: மூணு நாள் ஆளில்லாத கடை அதுங்களுக்கு ரொம்ப வசதி. சாக்கடை ஜல்லடையில கொதி தண்ணி ஒரு அண்டா ஊத்தி, மேல கனமான மூடி வைங்க. அடுப்பு மேடைக்குப் பின்னாடி சிந்தின பருப்பு, சர்க்கரை எல்லாம் துடைச்சு எடுக்கணும். அரிசி, உளுந்து, ரவை மூடி போட்ட டின்னுக்குள்ள. குப்பைத் தொட்டி காலியாக் கிடக்கணும், இலை ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது. இந்த வேலைக்கு முழுசா ரெண்டு மணி நேரம் பிடிக்கும். 11.30க்குக் கடை மூடி 12 மணி பஸ்னு போட்டுக்காதீங்க. 10.30க்கே வியாபாரத்தை நிறுத்திருங்க.

இன்னொண்ணு. விசேஷ வீட்டுக்குப் போனதும் "நீங்கதான் ஓட்டல்காரங்களாச்சே, சாம்பாரை ஒரு கை பாருங்க"ன்னு உங்க வீட்டுக்காரம்மாவை அடுப்படிக்குக் கூப்பிடுவாங்க. வருஷம் பூரா விடியக்காலை 4 மணிக்கு எந்திரிக்கிறவங்க. அவங்களுக்குக் கிடைக்கிற ரெண்டு நாள் இது. போறதுக்கு முன்னாடியே தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க, அண்ணி உட்கார்ந்து சாப்பிடட்டும்னு.

பதில்: ஈரோடு மெஸ்

மூடுறதா, மாஸ்டர்கிட்ட விடுறதான்னு கேட்டதுக்கு யாரும் நேரா பதில் சொல்லலை. என் கருத்து, முதல் தடவை மூடிருங்க. சமையல் மாஸ்டருக்கு வரும். ஆனா கல்லா, சப்ளை, பார்சல், தண்ணி கேன், கேஸ் மாத்துறது எல்லாத்தையும் ரெண்டு பேரு இழுக்க முடியாது. தாமதமாகும், பசங்க வேற கடைக்குப் போவாங்க, பேரு உங்களுக்குத்தான் கெடும். மூடின கடைக்கு ஆள் திரும்பி வருவாங்க. சாப்பாடு சரியில்லாமப் போன கடைக்கு வரமாட்டாங்க.

அடுத்த தடவைக்கு மாஸ்டரைத் தயார் பண்ணணும்னா, நீங்க ஊர்ல இருக்கும்போதே ஒரு ஞாயிறு காலை முழுப் பொறுப்பையும் கொடுத்துப் பாருங்க. இட்லி, பொங்கல், வடை மூணு மட்டும். கணக்கை மாவை வச்சுப் பிடிங்க: 4 கிலோ அரிசி மாவுன்னா 200 இட்லி, 5 சதவீதம் சேதாரம், மிச்சம் எவ்வளவு, வித்தது எவ்வளவு. க்யூஆர்ல வர்ற பணம் உங்க கணக்குக்கே வந்துரும், ரொக்கம் மட்டும்தான் பார்க்கணும்.

மாதக் கணக்குப் பசங்களுக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்லி, மூடியிருக்கிற வேளைகளைக் கழிச்சே பில் போடுங்க. அவங்க கேட்டு நீங்க கழிக்கிற மாதிரி வைக்காதீங்க. நாலு கடை தள்ளி இருக்கிறவர்கிட்ட "எங்க பசங்க 14 பேரு வருவாங்க"ன்னு சொல்லி வச்சா அவரும் அரிசி சேர்த்துப் போடுவார். அவர் ஊருக்குப் போகும்போது நீங்க பார்த்துக்கோங்க. பக்கத்துக் கடைக்கு அனுப்பினா ஆளைப் பிடிச்சுக்குவாங்கன்னு பயப்படுறவங்க உண்டு. பசியோட நிக்கிறவர் எப்படியும் எங்கயாவது சாப்பிடத்தான் போறார்.

போர்டுல "கடை விடுமுறை"ன்னு மட்டும் எழுதாதீங்க. "புதன் காலை 6 மணிக்குத் திறக்கும்"னு நாளும் நேரமும் பெரிசா எழுதுங்க. ஸ்விக்கி, ஸொமாட்டோ இருந்தா ஆப்புல கடையை நிறுத்தி வைங்க. ஆர்டர் வந்து எடுக்காம விட்டா மதிப்பீடு இறங்கும். கூகுள் மேப்லயும் அந்த நாளுக்கு விடுமுறைன்னு போட இடம் இருக்கு.

மூடுறது நம்ம முடிவு. அதனால மூணு பேருக்கும் அந்த நாள் கூலியைக் கொடுத்துருங்க. கொடுக்கலைன்னா ரெண்டு நாளுக்கு வேற கடைக்குப் போவாங்க, சில சமயம் அங்கேயே தங்கிருவாங்க.

கேட்டவர்: நொய்யல் டிபன்

ரொம்ப நன்றிங்க. மூடிட்டே போறோம், பிள்ளையார்பட்டி திங்கள் சாயந்தரம். ஒரு சின்னக் கேள்வி. காதுகுத்து முடிஞ்ச பிறகும் எங்க வீட்டுப் பாப்பா எங்கயாவது கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டே இருப்பா. பின்னாடி வேற ஒரு ஞாயிறு மதியம் கிளம்பி ராத்திரி வர்ற மாதிரி போகலாமா? திங்கள் மாவுக்கு என்ன பண்றது?

பதில்: கல்லாப்பெட்டி

தாராளமாப் போகலாம். ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கே அரிசியை ஊறப்போடுங்க. வியாபாரத்துக்கு நடுவுல 9 மணிக்கு மேல மாஸ்டர் ஆட்டிடட்டும். உப்புப் போட்டுக் கரைச்ச உடனே, புளிக்க விடாம ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிருங்க. ஒரே அண்டாவுல வைக்காதீங்க. நடுவுல குளிர் ஏறாம அங்கேயே பொங்க ஆரம்பிச்சிரும். உங்க 8 கிலோ கணக்குக்கு 10 லிட்டர் பாத்திரம் மூணாப் பிரிச்சு வைங்க. ராத்திரி 7 மணிக்கு வெளிய எடுக்கணும், குளிர் இறங்கவே 2 மணி நேரம் ஆகும். நீங்க வர லேட்டாகும்னா சப்ளைத் தம்பியை எடுத்து வைக்கச் சொல்லுங்க. வெளிய எடுத்ததும் வேற பெரிய பாத்திரத்துக்கு மாத்திருங்க, இல்லைன்னா பொங்கி வழியும்.

இடம்னா உடுமலைப் பக்கம் திருமூர்த்தி மலை, அமணலிங்கேஸ்வரர் கோயிலும் அணையும் ஒரே இடத்துல. மேல பஞ்சலிங்க அருவியில மழைக்காலத்துல தண்ணி அதிகமானா குளிக்க விடமாட்டாங்க, கேட்டுட்டுக் கிளம்புங்க. அமராவதி அணையில முதலைப் பண்ணை இருக்கு, பாப்பாவுக்குப் பிடிக்கும். ரெண்டையும் ஒரே மதியத்துல பார்க்க முடியாது, ஒண்ணை வச்சுக்கோங்க. கோபி பக்கம் கொடிவேரி ஞாயிறுன்னா கூட்டம் தாங்காது. அதைக் காலாண்டு லீவுல ஒரு வார நாளுக்கு வைங்க.

நீங்க ரயில்ல தூரமாப் போற திட்டம் இருந்தா, முன்பதிவு இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, 2024 நவம்பருக்கு முன்னாடி இருந்த 120 நாள் இல்ல. பள்ளி லீவுத் தேதி தெரிஞ்ச அன்னைக்கே நாளைக் குறிச்சு வச்சிருங்க.