அரைமண்டி சரியாக உட்கார பாலே கம்பி பிடிக்க வேண்டுமா?

(இது ஒரு விவாதம். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

தட்டுக்கழி

சென்னையில் சில பரதநாட்டிய வகுப்புகளில் மார்கழி முடிந்ததும் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அடவு (பரதத்தின் அடிப்படை அசைவுப் பயிற்சி) கிடையாது. சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலே பயிற்சி. ஏன் என்று கேட்டால், "டர்ன்-அவுட் வந்துவிட்டால் அரைமண்டி தானாக வரும்" என்கிறார்கள். டர்ன்-அவுட் என்றால் காலை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திருப்புவது; அரைமண்டி, முழங்கால்களை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் பரத நிலை. அவர்கள் சொல்வது தவறு என்பது என் கட்சி.

பாலேயில் ப்ளியே (முழங்காலை மடக்கி இறங்குவது) கடந்து போகும் வழி மட்டும். கீழே இறங்குவதே மேலே எழும்பத்தான். நமக்கு அரைமண்டி இருப்பிடம். ஒரு வர்ணம் (கச்சேரியின் நீண்ட உருப்படி) 30, 40 நிமிடம் போகும். சஞ்சாரி (அபிநயத்தில் கதையை விரிக்கும் பகுதி) நீங்கலாக ஜதியும் ஸ்வரமும் பெரும்பாலும் அந்த உயரத்திலேயே நடக்கும். தொடைத் தசை ஒரே அளவில் பிடித்து நின்று பழக வேண்டும். எட்டு முறை இறங்கி ஏறினால் அந்தப் பிடிப்பு வராது. பாதத்தால் தட்டும் தட்டடவை மூன்று காலத்திலும் (ஒவ்வொன்றும் முந்தையதன் இரட்டை வேகம்) தலை உயரம் மாறாமல் போட்டால்தான் வரும். நிமிடத்துக்கு 60 தாளத்தட்டு வைத்தாலே மூன்றாம் காலத்தில் 240 அடி விழுகிறது. அதற்கு ஈடான பயிற்சி கம்பியோரத்தில் இல்லை.

அடுத்தது எடை. பாலேயில் உடம்பைத் தரையிலிருந்து மேலே இழுத்துப் பிடிக்கிறார்கள். நம் தட்டில், அதாவது முழுப் பாதத்தால் தரையை அடிப்பதில், எடை கீழே இறங்கியாக வேண்டும். பத்து வயதில் இரண்டையும் ஒரே வாரத்தில் கற்றால் உடம்பு எதைக் கேட்கும்? அடையாளம் சொல்கிறேன்: அடி விழும் கணத்தில் தலை மேலே போகும், முன்பாதம் முந்திக்கொள்ளும், குதிகால் பிந்தி வரும், ஒரே சத்தமாக விழ வேண்டிய தட்டு இரண்டாக உடையும்.

கம்பியோரம்

அக்கா, அரைமண்டி இருப்பிடம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கள்ளம் நடப்பதும் அந்த இருப்பிடத்தில்தான்.

நீட்டிய முழங்கால் பூட்டிக்கொள்ளும். மடங்கிய முழங்காலில் கீழ்க்கால் எலும்பு வெளிப்பக்கம் சுழல இடம் உண்டு. இடுப்பில் திருப்பம் போதாத பிள்ளை அந்த இடத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. பாதம் இரண்டும் அழகாகப் பக்கவாட்டில் பார்க்கும், முழங்கால் மட்டும் முன்னால் விழுந்திருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பாதத்தைப் பார்த்து "நல்ல அரைமண்டி" என்பார். அடி ஒவ்வொன்றும் முறுகிய முழங்காலில் போய் விழும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. அரைமண்டியில் உட்கார வைத்து, பாதத்தை நகர்த்தாமல் எட்டு எண்ணிக்கையில் மெல்ல நிமிரச் சொல்லுங்கள். பாதம் உள்ளே வழுக்கினாலும், முழங்கால் சில்லு உள்ளே பார்த்தாலும், உள்ளங்கால் வளைவு தரையில் படிந்தாலும் திருப்பம் இடுப்பிலிருந்து வரவில்லை என்று பொருள். பாலேயில் ஒவ்வொரு ப்ளியேயும் இந்தச் சோதனைதான். நம் அடவு வரிசையில் பாதத்தை அசைக்காமல் நிமிர்ந்து சரிபார்க்கும் கட்டம் எங்கே இருக்கிறது?

2014-ல் தொடங்கிய உலக பாலே தினத்தன்று பெரிய குழுக்களின் காலைப் பயிற்சி இணையத்தில் நேரலையாக வந்திருக்கிறது. அதைப் பாருங்கள். பயிற்சி தொடங்கும்போது முதல் நிலையில் (குதிகால்கள் சேர்ந்து, விரல்கள் வெளியே பார்க்கும் நிலை) பாதம் இரண்டையும் ஒரே கோட்டில் வைக்காமல் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வாழ்நாள் முழுக்க இதையே தொழிலாகக் கொண்டவர்கள், இடுப்பு கொடுக்கும் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் எட்டு வயதுப் பிள்ளையிடம் 180 டிகிரி கேட்கிறோம்.

எலும்பும்தசையும்

இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். நிற்கும்போது இடுப்பில் கிடைக்கும் திருப்பமும் உட்காரும்போது கிடைப்பதும் ஒன்றல்ல. இடுப்பு மூட்டின் முன்பக்கம் தடித்த ஒரு லிகமென்ட் (எலும்புகளைக் கட்டி வைக்கும் நார்) இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் அது இறுகித் தொடையை மேற்கொண்டு திரும்ப விடாது. இடுப்பு மடங்கினால் தளரும். அதனால் அரைமண்டியில் கூடுதலாகக் கிடைப்பதெல்லாம் கள்ளம் அல்ல. நிமிரும்போது பாதம் சற்று உள்ளே வந்ததற்காகப் பிள்ளையைக் குறை சொன்னால், கம்பியோரத்தின் சோதனை நல்ல காலையும் கெட்ட கால் என்று சொல்லிவிடும்.

அரைமண்டியிலேயே பார்க்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை முழங்கால் சில்லின் நடுவிலிருந்து தொங்கவிடுங்கள். இரண்டாம் விரலுக்கு நேராக இறங்கினால் சரி. கட்டைவிரலுக்கு உள்ளே போனால் முழங்கால் முறுகியிருக்கிறது. பாதத்தை உள்ளே கொண்டுவாருங்கள், முழங்காலை வெளியே தள்ளாதீர்கள்.

அதே லிகமென்ட்தான் இன்னொரு கெட்ட பழக்கத்துக்கும் காரணம். பின்புறத்தைப் பின்னால் தள்ளி இடுப்பெலும்பை முன்னே சாய்த்தால் லிகமென்ட் தளரும், திருப்பம் இன்னும் கொஞ்சம் கூடும். விலை முதுகுத்தண்டின் அடிப்பகுதியில். இது பரதத்திலும் பாலேயிலும் அச்சு அசலாக ஒரே தவறு.

எவ்வளவு திருப்பம் இருக்கிறது என்று அளக்க: குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை 90 டிகிரி மடக்கி, இடுப்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, பாதத்தை அடுத்த காலின் பக்கமாகச் சாய்க்க வேண்டும். இடுப்பு தூக்கும் கணத்தில் நிறுத்துங்கள். போனில் கோணம் காட்டும் செயலி போதும். சாதாரணமாக 40 முதல் 50 டிகிரி வரும்; 60, 70 வந்தால் அது அமைப்பிலேயே கிடைத்த வரம். தொடை எலும்பின் கழுத்து பிறக்கும்போது 30, 40 டிகிரி முன்னோக்கி முறுகியிருந்து, வளர்ந்த பின் 15 டிகிரி அளவுக்குக் குறையும். சிலருக்கு அவ்வளவு குறையாது. கால்களை இருபுறமும் பின்னால் மடித்து டபிள்யூ போல உட்காரும் பிள்ளைகள் பலர் இந்த வகை. எலும்பின் வடிவத்தைக் கம்பியும் மாற்றாது, ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழியும் மாற்றாது.

திருவான்மியூர் சலங்கை

பாலே தொட்டால் பரதம் கெடும் என்ற பயம் சென்னைக்குப் பொருந்தாது. கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி முதலில் கற்றது பாலே; ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள் என்று திருப்பிவிட்டவரும் பாவ்லோவாதான். 1935-ல் அடையாறில் அரங்கேற்றம், 1936-ல் கலாக்ஷேத்ரா. அந்தப் பாணியின் நேர்கோடுகளிலும், குழு நாட்டியத்தில் மேடையை அளந்து நிற்பதிலும் பாலேயின் கண் தெரிகிறது என்று இன்றுவரை விவாதிக்கிறோம்.

தட்டுக்கழி

சலங்கை, அந்த வரலாறு என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. பாலே கற்றவர், பரதம் ஆட வந்தபோது அரைமண்டிக்குக் கம்பியிடம் போகவில்லை. பரத ஆசான்களான மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் போனார். மேடை அமைப்புக்குக் கண் எங்கிருந்து வந்தாலும் சரி. கால் எங்கிருந்து வந்தது என்பதுதான் இங்கே பேச்சு.

தூக்குக்குண்டை ஏற்கிறேன். நிமிர்ந்து பார்க்கும் சோதனையையும், 'எலும்பும்தசையும்' டாக்டர் சொன்ன திருத்தத்தோடு, ஏற்கிறேன். இரண்டையும் நம் வகுப்பிலேயே செய்யலாம். தட்டடவு முதல் காலம் முடிந்ததும் அதே இடத்தில் எட்டு எண்ணி நிமிர்வது, எட்டு எண்ணி உட்கார்வது, பிறகு இரண்டாம் காலம். அரை நிமிடம் ஆகாது. இதற்காக ஒரு நாள் அடவை விட்டுக்கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கம்பியோரம்

குதித்து மெட்டடவுக்கு வாருங்கள் அக்கா. அதன் சொற்கட்டு "தெய் ஹத் தெய் ஹி": முன்பாதத்தில் குதித்து இறங்கி, அடுத்து குதிகாலை அடிக்க வேண்டும். கெண்டைக்கால் சோர்ந்ததும் பிள்ளைகள் முன்பாதத்தில் நிற்காமல் நேராகக் குதிகாலில் விழுகிறார்கள். மூன்றாம் காலத்தில் பாருங்கள், "ஹத்" காணாமல் போயிருக்கும். பாலேயில் ஒற்றைக்கால் ரெலவே என்ற பயிற்சி இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. முழங்காலை நீட்டி, குதிகாலை இரண்டு எண்ணிக்கையில் உயர்த்தி, நான்கு எண்ணிக்கையில் இறக்க வேண்டும். மெல்ல இறக்கும் பகுதிதான் மருந்து. கணுக்கால் சுண்டுவிரல் பக்கம் சாயும்போது நிறுத்திவிட வேண்டும். ஒரு காலுக்கு 20 முறை சாயாமல் வரும்வரை அந்த அடவை மூன்றாம் காலத்துக்கு ஏற்றக்கூடாது என்பது என் நிலை.

எலும்பும்தசையும்

ரெலவேயை ஆதரிக்கிறேன். ஆனால் தரையைப் பேசாமல் காலை மட்டும் பேசுவது பாதி வைத்தியம். பாலேயில் குதித்தால் விரல், முன்பாதம், குதிகால் என்று படிப்படியாக இறங்கி, முழங்கால் மடங்கி அதிர்ச்சியை வாங்கும். போதாததற்குக் கீழே துள்ளும் மரத்தளம். நம் தட்டில் முழுப் பாதமும் ஒரே நேரத்தில் விழுகிறது. கணுக்காலுக்கு அதிர்ச்சியை வாங்க வாய்ப்பே இல்லை. அதை மொட்டை மாடி சிமென்ட்டிலும், அபார்ட்மென்ட் டைல்ஸிலும், கிரானைட்டிலும் செய்கிறோம்.

கம்பிக்குச் செலவழிக்கும் பணத்தைத் தளத்துக்குப் போடுங்கள். கீழே ரப்பர் திண்டுகள், ஓர் அடி தூரத்துக்கு ஒன்று. மேலே 12 மி.மீ. மரைன் ப்ளைவுட் இரண்டு அடுக்கு. கீழடுக்கின் இணைப்பு மேலடுக்கின் இணைப்புக்கு நேரே வராமல் குறுக்காகப் போட்டுத் திருக வேண்டும். சாதாரண ப்ளைவுட் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் உப்பிவிடும். சுவரோரம் அரை அங்குல இடைவெளி விடாவிட்டால் மழைக்காலத்தில் நடுவில் மேடு தட்டும். மேலே பாலேக்காரர்கள் விரிக்கும் வினைல் வேண்டாம். வெறுங்கால் வியர்த்தால் அதில் ஒட்டும். சுற்றும்போது பாதம் நின்று முழங்கால் மட்டும் சுற்றும், முன்பாதத்தில் தோலும் கிழியும்.

கே.கே.நகர் அம்மா

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். மகளுக்கு 10 வயது. பரதத்தோடு ஒன்றரை வருடமாகப் பாலேயும், வாரம் ஒரு வகுப்பு. பாயின்ட் ஷூ (விரல் நுனியில் நின்று ஆடும் பாலே ஷூ) வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

கம்பியோரம்

வேண்டாங்க. நடன மருத்துவம், அறிவியலுக்கான சர்வதேச சங்கம் (IADMS) சொல்வது 12 வயதுக்கு முன் கூடாது என்பதுதான். வயது மட்டும் போதாது. எட்டு வயதுக்கு மேல் தொடங்கி, வாரம் இரண்டு வகுப்பாவது போகும் பிள்ளைக்கு நான்காம் வருடத்தில்தான் அந்தப் பேச்சு. பாதத்தை நீட்டினால் கீழ்க்காலோடு ஒரே கோட்டுக்கு வர வேண்டும். ஒற்றைக்காலில் நின்று, உடம்பை முன்னால் சாய்த்து, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, நிற்கும் காலை ஐந்து முறை மடக்கி நிமிர்த்தச் சொல்லுங்கள். நான்கு முறையாவது முழங்கால் உள்ளே விழாமல் வர வேண்டும்.

பிற்காலத்துக்கு ஒரு குறிப்பு: பெரும்பாலான பாயின்ட் ஷூவின் முனை துணியும் காகிதமும் பசையும் சேர்த்து இறுக்கியது. வியர்வையிலும் சென்னை ஈரத்திலும் சீக்கிரம் இளகும். இளகிய முனையில் பாதம் கீழே அமுங்கிப் பெருவிரல் நசுங்கும். வகுப்பு முடிந்ததும் பிளாஸ்டிக் கவரில் போடாமல், உள்ளே இருக்கும் பஞ்சை எடுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாளாவது காயவிட வேண்டும். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் இதற்காகத்தான் செய்கிறார்கள்.

தட்டுக்கழி

அம்மா, இதில் கம்பியோரம் சொல்வதை அப்படியே கேளுங்கள்.

கம்பியோரம், ஒற்றைக்கால் ரெலவேயை எடுத்துக்கொள்கிறேன், உங்கள் 20 கணக்கோடு. அதற்குக் கம்பி எதற்கு? கம்பியைப் பிடித்ததும் எடையில் ஒரு பங்கு கைக்குப் போய்விடுகிறது. கைகளைப் பக்கவாட்டில் விரிக்கும் நாட்யாரம்பத்தில் முழங்கை தோள் மட்டத்தில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு, ஒரு தோள் தூக்கியும் ஒரு தோள் இறங்கியும் பழகும். கையை நாட்யாரம்பத்தில் வைத்தே செய்யட்டும். தொடக்கத்தில் 20 வராது, எட்டுதான் வரும். அந்த எட்டு அடவுக்கு உதவும்.

கம்பியோரம்

முதல் மாதம் கம்பி வேண்டும் அக்கா. கையை எடுத்தால் விழாமல் இருக்கப் பெருவிரல் தரையைக் கவ்வும், கணுக்கால் வெளியே சாயும், கெண்டைக்கால் வேலை செய்யாது. கம்பியின் மேல் இரண்டு விரல் மட்டும் வைக்கட்டும், பிடிக்க வேண்டாம். உயரம் பிள்ளையின் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தால் தோள் தூக்காது. பெரியவர்களுக்காகப் பொருத்திய கம்பியில் சின்னப் பிள்ளைகளை நிறுத்துவதால்தான் நீங்கள் சொன்ன தோள் கோணல் வருகிறது. இரண்டாம் மாதம் கையை எடுத்து நாட்யாரம்பம்.

தட்டுக்கழி

இரண்டு விரல், ஒரு மாதம், அடவு வகுப்புக்குப் பிறகு பத்து நிமிடம். அதற்கு மேல் ஒரு நாள் முழுசாகக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.