சங்கத்தைக் கலைக்கும் முன் சித்தப்பாவின் நோட்டைப் படியெடுப்போம்

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அண்ணன் சென்ற வாரம் அனுப்பிய மடலைப் படித்தேன். தலைவர் மாமாவுக்கு உடல்நலம் இடம் கொடுக்கவில்லை, பொருளாளர் சித்தப்பா ஊருக்கே திரும்புகிறார், அடுத்த நிர்வாகக் குழுவுக்கு ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. ஆகவே சிங்கப்பூரில் பதிவு செய்த நம் ஊர்ச் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறார். எனக்கு மறுப்பு இல்லை. இத்தனை ஆண்டுகள் ஒரு காசு பிசகாமல் கணக்கு வைத்தவர்களிடம், இன்னும் இரண்டு ஆண்டு இழுத்துப் பிடியுங்கள் என்று கேட்க மனம் வரவில்லை. ஆனால் துபாயிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் வந்த பதில்கள் துக்கம் விசாரிப்பதைப் போல இருந்தன. அவற்றைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. தலைமைச் சங்கம் மூடிய பிறகும் உள்ளூர்க் கூட்டம் நடந்ததை நான் ஒருமுறை உள்ளிருந்தே பார்த்திருக்கிறேன்.

நான் தரவுத்தள வேலை செய்பவன். கடைக் கணக்கோ மருத்துவமனைப் பதிவோ, கணினியில் அது எப்படிச் சேமிக்கப்படுகிறது, நடு இரவில் கெட்டுப்போனால் எப்படி மீட்பது என்பதுதான் எங்கள் பிழைப்பு. இந்த வேலையில் இருப்பவர்களுக்காக 1999-இல் ‘பாஸ்’ என்றொரு தொழில்முறைச் சங்கம் உருவானது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளை வைத்துப் பிழைப்பவர்களின் சங்கம். ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் சியாட்டிலில், பெரிய மாநாடு நடத்தும். பல நாடுகளில் ஊர்தோறும் அதன் கிளைபோலச் சிறு குழுக்கள் இருந்தன. அவற்றை நடத்தியவர்கள் எல்லாரும் தொண்டூழியர்கள். சனிக்கிழமைகளில் நாள் முழுக்க இலவசப் பயிற்சி தரும் ‘எஸ்கியூஎல் சாட்டர்டே’ என்ற நிகழ்ச்சியும் உண்டு. 2007-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் மூன்று நண்பர்கள் தொடங்கி, பிறகு பாஸ் சங்கத்தின் பொறுப்புக்கு வந்து, சிங்கப்பூர் வரை பரவியது.

எங்கள் மாதக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு நிறுவனம் வேலைநேரம் முடிந்து காலியாகக் கிடக்கும் அறையைத் தரும். ஏழு மணிக்குத் தொடங்குவோம். அலுவலகக் கட்டடங்களில் குளிரூட்டி அதற்கு முன்பே நின்றுவிடும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எட்டு மணிக்கு அறை புழுங்கும். ஒருவர் கறிபஃப் பெட்டியைத் திறப்பார், இன்னொருவர் புரொஜெக்டர் வயரோடு போராடுவார். அந்தப் புழுக்கத்தில் நின்று ஒரு சீன நண்பர், தன் அலுவலகத்தில் முந்தைய வாரம் இரவு இரண்டு மணிக்கு நடந்த விபத்தைப் படிப்படியாக விளக்குவார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அது. வேலை போன இரண்டு பேருக்கு அந்த அறையிலேயே வேலை கிடைத்தது.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி சிங்கப்பூர் வீட்டுக்குள் அடைந்தது. எங்கள் கூட்டமும் திரைக்கு மாறியது. அந்த ஆண்டு பாஸ் மாநாடும் இணையத்தில்தான் நடந்தது. சங்கத்தின் வரவு பெரும்பாலும் அந்த மாநாட்டையே நம்பியிருந்தது. நேரில் கூட முடியாத ஓர் ஆண்டை அதனால் தாங்க முடியவில்லை. டிசம்பர் 17 அன்று அறிவிப்பு வந்தது: 2021 ஜனவரி 15-ஆம் தேதியோடு எல்லாப் பணிகளும் நின்றுவிடும், அதற்குள் எங்கள் தளத்தில் வேண்டியதை எல்லாம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இருபத்தொன்பது நாள்.

உலகம் முழுக்க இந்தத் துறையில் இருந்தவர்கள் அந்த நாள்களில் உரைகளையும் காணொளிகளையும் இறக்கிச் சேமித்தார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஈசூனில் ஒரு காப்பிக்கடையில் நான்கு பேர் முகக்கவசத்தோடு உட்கார்ந்து, யார் எந்த ஆண்டு உரைகளை இறக்குவது என்று பிரித்துக்கொண்டோம். ஐந்து பேருக்கு மேல் ஒன்றாகக் கூடக் கூடாது என்று விதி இருந்த நேரம். கோப்புகள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. மூன்றாவது நாள்தான், உறுப்பினர் பட்டியலைப் பற்றி யாருமே நினைக்கவில்லை என்பது உறைத்தது.

எங்களிடம் இருந்தது வருகைப் பதிவுக்காக அவ்வப்போது எழுதிவாங்கிய பெயர்களும் மின்னஞ்சல்களும் மட்டும். அவற்றை அப்படியே எடுத்துப் புதுக் குழுவில் ஒட்டிவிடலாம் என்றார் ஒருவர். இங்கே 2012-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, அவரவர் சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்வது முறையல்ல என்றேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்டோம்: இனி தலைமைச் சங்கம் இல்லை, நாங்கள் சிலர் தொடர்ந்து நடத்தப் போகிறோம், உங்கள் பெயரைச் சேர்க்கலாமா?

பாதிக்கு மேல் மடல்கள் திரும்பி வந்துவிட்டன. பலரும் அலுவலக மின்னஞ்சலைத்தான் கொடுத்திருந்தார்கள். வேலை மாறியதும் முகவரி செத்துவிட்டது. இத்தனைக்கும் நாங்கள் தரவைச் சேமிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். இரண்டு ஆண்டுகள் எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வந்த ஒரு பிலிப்பினோ நண்பரை எங்களால் கடைசிவரை தேடிப்பிடிக்க முடியவில்லை. அவர் யாரோடு சேர்ந்து வருவார், யாரைக் கேட்டால் தெரியும் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. பதில் எழுதியவர்கள் மிகக் குறைவு. ஆனால் அவர்கள் வந்தார்கள். இன்றும் வருகிறார்கள்.

மற்றவை வேகமாகவே நடந்தன. பாஸ் சங்கத்தின் பெயரையும் சேமிப்பில் இருந்த உரைகளையும் இங்கிலாந்தைச் சேர்ந்த ரெட்கேட் நிறுவனம் வாங்கியது. 2021 நவம்பரில் மாநாடு இணையத்தில் மீண்டும் நடந்தது. எஸ்கியூஎல் சாட்டர்டே அதைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஸ்டீவ் ஜோன்ஸ் போன்றவர்களின் முயற்சியால் இலாப நோக்கற்ற தனி அமைப்பின் கைக்கு வந்து, பல நகரங்களில் தொடர்கிறது. தலைமையிடம் மூடியதால் ஊர்க் கூட்டங்கள் நின்றுவிடவில்லை. அந்தந்த ஊரில் மாதா மாதம் அறைக்குச் சொல்லிவைத்து, கதவைத் திறக்க ஓர் ஆள் இருந்த இடங்களில் நடந்தன. அப்படி ஓர் ஆள் இல்லாத இடங்களில் நின்றன.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊருக்குப் போட்ட அழைப்பு ஒன்றுகூடப் போகவில்லை. அன்று மாலை நாங்கள் ஏழெட்டுப் பேர் தோ பாயோவில் சித்தப்பா வீட்டில் கூடினோம். எல்லாரும் கைப்பேசியை வெறித்துக்கொண்டிருக்க, அவர் அலமாரியிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்து வந்தார். காக்கி அட்டை, நடுவில் ரப்பர் வளையம், ஓரங்களில் எண்ணெய்க் கறை. பெயர், எண், தெரு, ரத்த வகை. கடைசிக் கட்டத்தில் ‘யார் வழி’ என்று தலைப்பிட்டு அவரே கோடு போட்டிருந்தார். அதில் ‘மேலத்தெரு பெரியவர் மருமகன், தஞ்சாவூர், கரந்தை’ என்பதைப் போன்ற குறிப்புகள்.

கரந்தை எண் கிடைத்தது. மறுநாள் விடியும் முன் அந்த மருமகன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போய் மாலையில் ஊர் சேர்ந்தார். திரும்பி வந்து இரவில் எங்களை அழைத்து, தெருத் தெருவாகப் பெயர் வாசித்தார். உயிர்ச்சேதம் இல்லை. கூரை போன வீடுகள், விழுந்த தென்னைகள், தார்ப்பாய் வேண்டியவர்கள் என்று சித்தப்பா அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். அப்போது அவர் கை நடுங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன்.

இருபது ஆண்டுகளாக அட்டவணை வடிவமைக்கிறேன். அந்தக் கடைசிக் கட்டத்தை விடச் சிறந்த ஒன்றை நான் வடிவமைத்ததில்லை. எண் மாறும், மின்னஞ்சல் மாறும், நாடும் மாறும். மருமகன் உறவு மாறாது. எங்கள் தொழில் குழுவிடம் அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் அந்தப் பிலிப்பினோ நண்பரை இழந்திருக்க மாட்டோம்.

மெல்பர்ன் தம்பி, பதிவு போனால் பெயரும் போய்விடும் என்று எழுதியிருந்தாய். கடையநல்லூர்க்காரர்கள் 1941-இல் இங்கே சங்கம் கண்டு, 1946-இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி தொடங்கினார்கள். அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, பிள்ளைகள் குறைந்து, 1982-இல் மூடப்பட்டது. ஆனால் என் மகள் தமிழ் படித்தது பிட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில்தான். அவள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. பள்ளி மூடிய பிறகும் அந்தப் பெயர் அவளுக்குப் பயன்பட்டது.

கலைப்பதை முறையாகச் செய்வோம். இங்கே சங்கங்களுக்கான மாதிரி விதிகளின்படி, சிங்கப்பூரில் வசிக்கும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் பொதுக்கூட்டத்தில் ஒப்ப வேண்டும், கடன்களைத் தீர்க்க வேண்டும், மீதிப் பணம் எங்கே போகும் என்று அந்தக் கூட்டமே முடிவு செய்யலாம். நம் விதிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று செயலாளர் அண்ணன் பார்த்துச் சொல்லுங்கள். மீதியை ஊர்ப் பள்ளி நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்பது என் விருப்பம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து சங்கமாக இயங்கினால் பதிவு செய்ய வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். ஆகவே பதிவை நீக்கிவிட்டு அதே சங்கத்தை மறைவாக நடத்தலாம் என்று நான் சொல்லவில்லை. சந்தா வேண்டாம், பதவி வேண்டாம், ரசீதுப் புத்தகமும் வேண்டாம். உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் தேடிப்பிடிக்க ஒரு பட்டியலும் இந்த மடற்குழுவும் இருந்தால் போதும். புதிதாக வேலைக்கு வரும் பையனைச் சாங்கி விமான நிலையத்தில் அழைத்துக்கொள்ளவும், யாராவது இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்ப அலைவதற்கும் இதுவரை எந்தத் தீர்மானமும் தேவைப்பட்டதில்லை. பொங்கல் விழா மண்டபத்தில் நடக்காது. என் வீட்டில் ஐம்பது பேருக்கு இடமில்லை, பன்னிரண்டு பேருக்கு உண்டு. அந்தந்த நகரத்தில் இருப்பவர்கள் அப்படி ஒரு வீட்டைச் சொல்லுங்கள்.

இந்த மடலுக்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஐந்து விவரங்களைத் தனி மடலில் எனக்கு அனுப்புங்கள்: பெயர், சொந்தக் கைப்பேசி எண், இருக்கும் ஊர், ரத்த வகை, யார் வழி. அலுவலக மின்னஞ்சல் வேண்டாம். பட்டியலில் இருக்கச் சம்மதம் என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள். மடல் பார்க்காத பெரியவர்களை நான் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறேன். தோ பாயோ, அங் மோ கியோ பக்கம் இருப்பவர்களில் இரண்டு பேர் கூட வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

சித்தப்பா அடுத்த மாதம் விமானம் ஏறுகிறார். புதன்கிழமை வேலை முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போகிறேன். நோட்டைத் தர மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள் என்று சொல்லியிருக்கிறார். சித்தி இடியாப்பம் செய்வதாகவும் சொன்னார்.

அன்புடன்,
கீழத்தெரு தபால்காரர் வீட்டு இளையவன்
ஈசூன், சிங்கப்பூர்