ஒரே மூச்சில் வாசித்த ஆல்பமா, வெட்டி ஒட்டிய ஆல்பமா?

கருந்தட்டு:

நல்ல ஆல்பம் என்றால் அந்த நேரத்திலேயே வாசித்து முடித்ததாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து துண்டு துண்டாகச் சேர்த்தவற்றின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவை எனக்குள் இறங்குவதில்லை. பல வகை இசையும் கேட்ட பிறகு வந்த கருத்து இது. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

முதலில் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959இல் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாள் பதிவு. பெரிய ஒத்திகை கிடையாது. மைல்ஸ் சில ஸ்கேல்களை, அதாவது சுர வரிசைகளைக் கொடுத்தார், மற்றவர்கள் வாசித்தார்கள். ஐந்து உருப்படிகளில் நான்கு, முழுதாக வாசித்த முதல் டேக்கிலேயே (பதிவு முயற்சியிலேயே) முடிந்தவை. 'ஸோ வாட்'டில் மைல்ஸ் இடம் விட்டு விட்டு வாசித்து ஓய்ந்ததும், அந்த இடத்தையெல்லாம் நிரப்பிக்கொண்டு ஜான் கோல்ட்ரேன் சாக்ஸஃபோனோடு உள்ளே வருவார். அதை யாரும் திட்டமிட்டு வைக்க முடியாது.

அடுத்தது பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் 'கோல்ன் கான்செர்ட்'. 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கோல்ன் ஓபரா அரங்கம், நள்ளிரவை நெருங்கும் நேரம். அவர் கேட்ட பியானோ வரவில்லை. இருந்ததோ மேல் ஸ்தாயி கீச்சென்றும் கீழ் ஸ்தாயி பலமில்லாமலும் இருந்த சின்னப் பியானோ. அதனால் நடு ஸ்தாயியிலேயே சுற்றி, இடது கையில் ஒரே உருவைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். அந்தப் பியானோவின் குறைதான் அந்த இசைக்கு உருவம் கொடுத்தது.

கன்ட்ரியில் ஜானி கேஷ், 1968 ஜனவரியில் ஃபோல்ஸம் சிறைக்குள் கைதிகள் முன்னால் பாடியது. ஃபோக்கில் நிக் ட்ரேக்கின் 'பிங்க் மூன்': ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரு பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ, மொத்தம் 28 நிமிடம், இரண்டே இரவுப் பதிவு. ஃப்யூஷனில் சக்தி குழுவின் முதல் ஆல்பம், 1975 ஜூலையில் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரி. விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் மாறி மாறிப் பேசுவதைக் கேளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்', பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்', டிஜே ஷேடோவின் 'எண்ட்ரட்யூஸிங்'. முதலாவது கெட்டிக்காரத்தனம். இரண்டாவது பளபளப்பு. மூன்றாவது அடுத்தவர் வாசித்ததை எடுத்து அடுக்கியது.

நாடாக்காரன்:

நண்பரே, பட்டியலில் குறை இல்லை, எல்லாமே அருமையான ஆல்பங்கள். அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் தவறு.

மைல்ஸையே எடுத்துக்கொள்வோம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்குப் பத்து வருடம் கழித்து, 1969 பிப்ரவரி 18இல் 'இன் எ சைலன்ட் வே' பதிவானது. அதுவும் ஒரே நாள்தான். ஆனால் நாம் கேட்பது அன்று வாசித்த வரிசையில் இல்லை. தயாரிப்பாளர் டியோ மசேரோ டேப்பை வெட்டி, இரண்டு பக்கங்களிலும் தொடக்கப் பகுதியை அப்படியே நகலெடுத்துக் கடைசியில் ஒட்டினார். முதலில் கேட்ட அதே மெட்டு, அதே வாசிப்பு, இறுதியில் திரும்பி வரும்போது வேறு எடையோடு வருகிறது. அந்தத் திரும்பி வருதலை எந்தக் கலைஞரும் அன்று வாசிக்கவில்லை. கத்தரியால் உண்டானது அது. எனக்கு 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைவிட அது ஒரு படி மேலே.

இன்னொன்று. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பக்கம் பதிவானபோது டேப் எந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அதனால் இசைத்தட்டில் அந்தப் பக்கம் சுருதி கூடி ஒலித்தது. 1990களில் வந்த மறுபதிப்புகளில்தான் சரி செய்தார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் உலகம் 'அந்த நேரத்தில் வாசித்தது' என்று கேட்டது உண்மையில் யாரும் வாசிக்காத சுருதி. ஆனாலும் அது நம்மை உருக்கியது. தட்டில் இருப்பது இசை. அறையில் நடந்தது வேறு ஒன்று.

சுருதிப்பெட்டி:

நான் கர்நாடக இசையிலிருந்து இந்தப் பக்கம் வந்தவள், அதனால் கருந்தட்டு அண்ணா சொல்வது எனக்கு உடனே புரிகிறது. கச்சேரியில் ராகம் விரியும்போது பாடகர் ஒரு இடத்தில் தயங்கி, பிறகு தைரியமாக மேலே போவார். அந்தத் தயக்கத்தை எடிட் செய்து எடுத்துவிட்டால் தைரியமும் போய்விடும். கோல்ன் கச்சேரியில் முதல் பகுதி சூடுபிடிக்கும் விதம் அப்படியே ஒரு ஆலாபனை. ஜாரெட் முனகுவது, காலைத் தட்டுவது எல்லாம் கேட்கிறது. அதை விட்டுவிட்டு எனக்கு அந்த ஆல்பம் வேண்டாம்.

ஆனால் 'டார்க் சைட்' பளபளப்பு என்பதை ஏற்க மாட்டேன். அதைப் பதிவு செய்யத் தொடங்குவதற்கு முன்பே, 1972 ஜனவரியிலிருந்தே அவர்கள் அதை மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசித்து வாசித்துப் பழுத்த பிறகு வந்த பதிவு அது. உங்கள் அளவுகோல்படியே அதற்கு இடம் உண்டு.

இரவுப்பறவை:

'டார்க் சைட்' பேச்சு வந்ததால் சொல்கிறேன். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் பாடும் க்ளேர் டோரிக்கு வரிகள் கிடையாது, மெட்டும் கொடுக்கவில்லை. ஒரு நாள் வந்தார், குரலால் அழுதார், 30 பவுண்ட் வாங்கிக்கொண்டு போனார். நாம் கேட்பது அவர் பாடிய சில டேக்குகளிலிருந்து சேர்த்த வடிவம். அந்தக் குரல் அந்த நேரத்தில் பிறந்தது, பாட்டு மிக்ஸிங் மேசையில் பிறந்தது. இதை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்? அவர் பிறகு வழக்குப் போட்டு, 2005இல் சமரசமாகி, இசையமைப்பில் பெயரும் வாங்கினார். வாங்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் அந்த ஆல்பத்தின் உச்சமே அவர்தான்.

கருந்தட்டு:

மூவருக்கும் சேர்த்துப் பதில்.

'இன் எ சைலன்ட் வே' எனக்கும் பிடிக்கும். அதில் வெட்டியது உண்டு, ஆனால் வெட்டப்பட்ட ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஜோ ஸாவினுல், ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா மூவரும் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு விசைப்பலகையில் இருக்கிறார்கள். மெக்லாஃப்லின் கிட்டாரில் தயங்கித் தயங்கித் தொடங்குகிறார். அந்தத் தயக்கத்தை மசேரோ உண்டாக்கவில்லை, இருந்ததை இரண்டு முறை காட்டினார். இருப்பதை வரிசை மாற்றுவது ஒன்று. இல்லாத ஒரு கச்சேரியை உண்டாக்குவது வேறொன்று. என் எதிர்ப்பு இரண்டாவதுக்கு.

க்ளேர் டோரி விஷயத்தில் சந்தேகமே இல்லை, அவர் என் பக்கம். அந்தப் பாட்டில் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நீங்களும் அவர் குரலைத்தான் காட்டுகிறீர்கள், மிக்ஸிங் மேசையைக் காட்டவில்லை. அதே ஆல்பத்தில் 'மணி'யின் தொடக்கத்தில் வரும் சில்லறைச் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் எல்லாம் டேப்பை அளந்து வெட்டி ஏழு தட்டுத் தாளத்துக்குப் பொருத்தியது. முதல் தடவை வியந்தேன். இப்போது அது முடிந்து பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருக்கிறேன்.

'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. ஒரு பாட்டுக்காக நீராவி ஆர்கன் ஒலிப்பதிவுகளைத் துண்டுகளாக வெட்டி, மேலே தூக்கிப்போட்டு, கிடைத்த வரிசையில் ஒட்டினார்கள். 1967இல் அது புதுமை, மறுக்கவில்லை. ஆனால் புதுமைக்கு வயதாகிறது. கோல்ட்ரேனுக்கு வயதாகவில்லை.

நாடாக்காரன்:

'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' பற்றி நான் பேசுகிறேன். 'எ டே இன் தி லைஃப்' பாட்டின் நடுவில் 24 பார் (தாளச் சுற்று) வெற்றிடம் விட்டிருந்தார்கள். அங்கே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 40 கலைஞர்கள் கொண்ட ஆர்கெஸ்ட்ராவை உட்கார வைத்து, கீழ்ச் சுரத்திலிருந்து மேல்ச் சுரம் வரை ஒவ்வொருவரும் தன் வேகத்தில் ஏறுங்கள், பக்கத்தில் இருப்பவரைப் பின்பற்றாதீர்கள் என்றார். அதை நான்கு முறை பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். 40 பேரின் தன்னிச்சையான வாசிப்பும் வேண்டியிருந்தது, அடுக்கும் வேலையும் வேண்டியிருந்தது. அந்த ஏற்றத்தைக் கேட்கும்போது இன்றும் எனக்கு வயிற்றில் ஏதோ கவ்வுகிறது. வயதானது எங்கே தெரிகிறது?

இப்போது கிளாசிக்கலுக்கு வருகிறேன். பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1964இல் மேடைக் கச்சேரியையே விட்டுவிட்டார். அதன் பிறகு ஸ்டுடியோ மட்டும்தான். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஏ மைனர் ஃப்யூக் (ஒரே மெட்டைப் பல இழைகள் துரத்திப் பின்னும் உருப்படி) ஒன்றைப் பதிவு செய்தபோது எட்டு டேக் எடுத்தார். ஆறாவதும் எட்டாவதும் பிழையில்லாதவை. ஒன்று கனமாக, மற்றது துள்ளலாக. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே சலிப்பு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆறாவதை வைத்து, நடுவில் எட்டாவதைச் சேர்த்தார். ஒரே மூச்சில் அப்படி ஒரு வாசிப்பு அவருக்கே வந்திருக்காது. இசையை முதலில் வாசித்து, பிறகு யோசித்து, அதன் பிறகு முடிவெடுத்தார். கவிஞன் ஒரு வரியை அடித்து எழுதினால் யாராவது ஏமாற்று என்போமா?

கருந்தட்டு:

கூல்ட் என்றால் பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' பதிவுகள் இரண்டையும் பேசாமல் நகர முடியாது. 1955இல் 22 வயதில் பதிவு செய்தது 38 நிமிடம் ஓடுகிறது. 1981இல் சாவதற்கு ஒரு வருடம் முன்பு பதிவு செய்தது 51 நிமிடம். இரண்டாவதில் எல்லா வேகங்களும் ஒன்றோடொன்று கணக்குப்படி பொருந்துகின்றன, ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிகிறது, ஒரு ஓட்டை சொல்ல முடியாது. ஆனாலும் நான் எடுத்துப் போடுவது 1955ஐத்தான். அதில் விழுந்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு வருகிறது, விழாமல் ஓடுகிறார். 1981இல் அந்தப் பயம் இல்லை.

ஒரு தகவல்: இந்த இரண்டும், 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும், நியூயார்க்கில் ஒரே இடத்தில் பதிவானவை. கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டுடியோ. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம், அதன் உயரமான கூரைதான் அந்த ஒலி. அதுவும் ஸ்டுடியோதான். நான் ஸ்டுடியோவை எதிர்க்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சுருதிப்பெட்டி:

அண்ணா, 1981ஐ இப்படித் தள்ளிவிடாதீர்கள். தொடக்க மெட்டான ஆரியாவை மட்டும் கேளுங்கள். 1955இல் அது இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, 1981இல் மூன்று நிமிடம். மெதுவாகப் பாடுவதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்று எந்தப் பாட்டு வாத்தியாரும் சொல்வார்.

பாக் பற்றிப் பேசும்போது நம் ஊரில் ஒருவரை விட்டுவிட முடியாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். அதில் பாக்கின் ஈ மேஜர் வயலின் பார்டிட்டா ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு வயலின் நம் கமகத்தோடு கூடவே பேசும். வி.எஸ். நரசிம்மனின் வில்லும் வேண்டும், ராஜா தாளில் எழுதி வைத்ததும் வேண்டும். அதில் மனோதர்மம் மிகக் குறைவு, எழுதியதே அதிகம். ஆனாலும் எனக்குச் சக்தி குழுவின் ஆல்பத்தைவிட அதுதான் நெருக்கம். சக்தியில் வேகப் போட்டி சில இடங்களில் என்னைக் களைப்பாக்குகிறது.

இரவுப்பறவை:

'எண்ட்ரட்யூஸிங்'கை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள், அதற்கு வருகிறேன். 1996இல் வந்த ஆல்பம். டிஜே ஷேடோ பழைய இசைத்தட்டுக் கடைகளில் யாரும் தொடாத குவியல்களைக் கிளறி, ஒரு அகாய் சாம்பிளரை (பழைய பதிவுகளின் துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, எடுத்து வாசிக்கும் கருவியை) வைத்துச் செய்தது. முழுக்கச் சாம்பிள்களாலேயே ஆன முதல் ஆல்பம் என்று கின்னஸில் பதிவானது. அடுத்தவர் வாசித்ததை அடுக்கியது என்கிறீர்கள். மாலை கட்டுபவர் பூவை வளர்க்கவில்லை என்று யாரும் குறை சொல்வதில்லை. எங்கிருந்தோ வந்த ட்ரம்ஸை உடைத்து அவர் மறுபடி அடுக்கும்போது, அந்த அடி முதலில் வாசித்தவருக்கே தெரியாத ஒரு சோகத்தைக் காட்டுகிறது. அதைக் கண்டுபிடிக்கும் காது இருக்கிறதே, அதுதான் இங்கே வாத்தியம்.

அப்புறம், ஃபோல்ஸம் சிறை ஆல்பம். ரீனோவில் ஒருவனைச் சுட்டேன் என்ற வரிக்குப் பிறகு கைதிகள் ஆரவாரம் செய்வதுதான் அந்த ஆல்பத்தின் புகழ்பெற்ற இடம். அந்த ஆரவாரம் பிறகு சேர்த்தது. காவலர்கள் நிற்கும்போது அந்த வரிக்குக் கத்த அவர்களுக்குத் தைரியம் இல்லை. உங்கள் பட்டியலிலேயே ஒட்டுவேலை இருக்கிறது, அதுவும் நீங்கள் சொன்ன 'இல்லாத கச்சேரி' வகையில்.

கருந்தட்டு:

அது எனக்குத் தெரியும், அந்தச் சேர்க்கையைத்தான் அந்த ஆல்பத்தின் பலவீனமான இடமாக நினைக்கிறேன். கைதிகளின் மௌனத்தை விட்டிருந்தால் எவ்வளவு பயங்கரமாக இருந்திருக்கும்! நடந்தது சேர்த்ததைவிட வலுவானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. நான் அந்த ஆல்பத்தைக் கேட்பது, அந்தச் சிறைக் கைதியான க்ளென் ஷெர்லி எழுதிய பாட்டை அவர் முன்னாலேயே கேஷ் பாடும் இடத்துக்காக. முந்தின நாள்தான் அது அவர் கைக்கு வந்தது.

சாம்பிள் பற்றி: காது வாத்தியம் என்றால் ஏற்கிறேன். ஆனால் அந்த வாத்தியத்தை அவர் எப்போது வாசித்தார்? எந்த நிமிடத்தில்? எனக்கு அந்த நிமிடம் வேண்டும்.

நாடாக்காரன்:

அப்படியானால் ஜமைக்காவுக்கு வாருங்கள். அகஸ்டஸ் பாப்லோவின் 'கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்', 1976. கிங் டப்பி வானொலிப் பெட்டி பழுது பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் ஆள். வீட்டிலேயே சின்ன ஸ்டுடியோ. ஏற்கெனவே பதிவான பாட்டை நான்கு ட்ராக்குகளாக எடுத்து, குரலைத் தள்ளிவிட்டு, பேஸையும் ட்ரம்ஸையும் மட்டும் நிற்க வைத்து, எதிரொலியை ஏற்றி இறக்குவார். இதைத்தான் டப் என்பார்கள். அவர் மிக்ஸிங் மேசையில் ஒரு பெரிய குமிழ் உண்டு, அதைத் திருகினால் ஒலியின் அடிப்பாகமெல்லாம் கரைந்து போகும். எல்லாம் டேப் ஓட ஓட, கையால். கம்ப்யூட்டர் கிடையாது. வாசித்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், வாசிப்பு அதன் பிறகு நடக்கிறது. நீங்கள் கேட்ட நிமிடம் இதோ.

கருந்தட்டு:

ஆமாம், அந்த ஆல்பம் என்னிடம் இருக்கிறது. அதை நான் எப்போதும் என் கட்சியில்தான் வைத்திருக்கிறேன். ஒரு மனிதன், ஒரு டேப், ஓடும்போதே முடிவெடுக்கும் கை.

நாடாக்காரன்:

பாட்டைப் பிரித்து எடுத்து, பாடகரை வெளியே தள்ளி, இல்லாத ஒரு அறையை எதிரொலியால் கட்டியவர். அவர் உங்கள் கட்சி என்றால் ஜார்ஜ் மார்ட்டினுக்கும் கதவைத் திறந்துவிட வேண்டும்.

கருந்தட்டு:

மார்ட்டின் அந்த நான்கு ட்ராக்கையும் ஒரே ஓட்டத்தில், கையால், ஒரே தடவையில் மிக்ஸ் செய்திருந்தால் திறந்திருப்பேன்.

சுருதிப்பெட்டி:

இரண்டு பேரும் நிறுத்திவிட்டு அந்த டப் ஆல்பத்தில் எந்தப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். நான் இன்னும் கேட்டதில்லை.

நாடாக்காரன்:

ஆல்பத்தின் தலைப்புப் பாட்டிலிருந்து. ஜேக்கப் மில்லர் பாடிய 'பேபி ஐ லவ் யூ ஸோ'வை முதலில் கேட்டுவிட்டு, அதன் டப் வடிவமான இதைப் போடுங்கள். ஹெட்ஃபோனில் வேண்டாம், நல்ல பேஸ் உள்ள ஸ்பீக்கரில்.