நோன்பின் நோக்கம் பசியை உணர்வதுதானா? ஏழைக்கும் ஏன் கடமை?

தொண்டி மாணவன்:
அஸ்ஸலாமு அலைக்கும். மாற்று மதச் சகோதரர்களையும் அழைத்து எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதியில்) இஃப்தார் (நோன்பு திறக்கும் நிகழ்ச்சி) நடத்துகிறோம். நோன்பின் நோக்கம் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாகச் சொல்வது இரண்டு: ஏழையின் பசி தெரியும், உடம்புக்கு நல்லது. ஆனால் அன்றாடக் கஞ்சிக்கே வழியில்லாதவருக்கும் நோன்பு கடமைதானே, அவருக்கு எந்தப் பசியைத் தெரியப்படுத்த? நோயினால் வைக்க முடியாதவர் நன்மையை இழந்துவிடுகிறாரா என்றும் கட்டாயம் கேட்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காயல் காக்கா:
வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. பசியை முன்னால் வைத்துப் பேசாதீர்கள். குர்ஆன் 2:183 சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் இறையச்சம் உடையவர்கள் ஆவதற்காக. ஏழையின் பசி அந்த வசனத்தில் இல்லை.

நோன்பின் சட்டங்களைப் பார்த்தாலே இது விளங்கும். பசிதான் குறிக்கோள் என்றால், சஹர் (விடியலுக்கு முன் உண்ணும் உணவு) சாப்பிடுங்கள், அதில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்க மாட்டார்கள். அதையும் பிற்படுத்திச் சாப்பிடுவதே சுன்னத் (நபிவழி). அவர்களுடைய சஹருக்கும் சுப்ஹு (வைகறை) தொழுகைக்கும் இடையே 50 வசனம் ஓதும் நேரம்தான் இருந்தது என்று நபித்தோழர் ஸைத் பின் ஸாபித் (ரலி) அறிவிக்கிறார்கள். சூரியன் மறைந்தால் நோன்பு திறப்பதைத் தாமதிக்கக் கூடாது. இரவிலும் உண்ணாமல் அடுத்த நாளோடு சேர்த்து நோற்கும் விஸாலையும் தடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம்: மறந்துபோய் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் நோன்பு முறியாது, நினைவு வந்ததும் நிறுத்திவிட்டுத் தொடர வேண்டியதுதான். தெரிந்தே ஒரு மிடறு விழுங்கினால் போய்விடும். வயிறு எவ்வளவு காலி என்பதைச் சட்டம் அளக்கவில்லை, மனம் கட்டளைக்குக் கட்டுப்பட்டதா என்பதைத்தான் அளக்கிறது.

லுஹருக்கு (நண்பகல் தொழுகைக்கு) ஒளு (தொழுகைக்கு முன் வாய் கொப்பளித்து முகம், கைகால் கழுவுவது) செய்பவரைப் பாருங்கள். நாக்கு வறண்டிருக்கிறது, வாய் நிறையத் தண்ணீர் இருக்கிறது, கொப்பளித்துத் துப்பிவிடுகிறார். பாதியை விழுங்கியிருந்தாலும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் ஹலால், அவருடையதுதான், தடுக்க ஆளும் இல்லை. விழுங்காமல் இருப்பதற்கு அல்லாஹ் பார்க்கிறான் என்ற நம்பிக்கை தவிர வேறு காரணம் கிடையாது. இதில் பணக்காரருக்கும் ஏழைக்கும் வேறுபாடே இல்லை. உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

(நோன்பில் தொண்டை வரை கொண்டுபோய்க் கொப்பளிக்கக் கூடாது. அப்படிச் செய்து தண்ணீர் உள்ளே போனால் ஷாஃபிஈ மத்ஹபில், அதாவது அந்தச் சட்டப் பிரிவில், நோன்பு முறியும், சாதாரணமாகக் கொப்பளிக்கையில் தவறிப் போனால் முறியாது. ஹனஃபி மத்ஹபில் நோன்பு நினைவில் இருக்கும்போது தவறிப் போனாலும் களா உண்டு, அதாவது அந்த நோன்பைப் பிறகு ஈடாக வைக்க வேண்டும்.)

ஏழையின் பசி தெரிவது நோன்பினால் வரும் நல்ல விளைவு, மறுக்கவில்லை. ஆனால் ஏழையின் வயிற்றை நம்முடைய இரக்க உணர்வை நம்பி மார்க்கம் விட்டுவிடவில்லை. வீட்டில் தலைக்கு ஒரு ஸாஉ என்ற அளவு, அரிசியில் சுமார் 2.4 முதல் 3 கிலோ வரை, பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ராவாக (பெருநாளுக்கான கட்டாய தர்மமாக) ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். தொழுகைக்குப் பிறகு கொடுத்தால் அது சாதாரண தர்மம்தான் என்று ஹதீஸிலேயே (நபிமொழியிலேயே) வருகிறது.

பொய்யையும் பொய்யான நடவடிக்கையையும் விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்ற ஹதீஸ் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. பேச்சில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். புறம் பேசினால் நோன்பைத் திரும்ப வைக்க வேண்டியதில்லை என்பதே நான்கு மத்ஹபிலும் நிலை, ஆனால் கூலி கரைந்துவிடும். பகல் முழுக்கப் பட்டினி கிடந்து போனில் ஊர்க்கதை பேசித் தீர்ப்பவருக்கு மிஞ்சுவது பசி மட்டும்தான்.

மருந்தாளர் நாகை:
காக்கா சொன்னதோடு முழு உடன்பாடு. 'உடம்புக்கு நல்லது' என்பதை மேடையில் வாக்குறுதியாகச் சொல்ல வேண்டாம். மஃரிபுக்கு (சூரியன் மறைந்ததும்) நாலு சமோசா, கட்லெட், இரண்டு டம்ளர் சர்பத், தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) முடிந்து பரோட்டா என்று போனால் மாதக் கடைசியில் எடை கூடத்தான் செய்யும். பேரீச்சம்பழம், தண்ணீர், அப்புறம் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் போட்ட நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம். மஃரிப் தொழுதுவிட்டுச் சாப்பாடு. தண்ணீரைச் சஹரில் ஒரே மூச்சில் குடித்தால் சிறுநீராகப் போய்விடும், இரவு முழுக்கப் பிரித்துக் குடியுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் வந்திருந்தால் இதையும் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை விட வேண்டும், மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம்தானே என்று காத்திருக்கக் கூடாது. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. தோலுக்கடியில் போடும் இன்சுலினாலும் முறியாது என்பதே இன்றைய பெரும்பாலான உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) தீர்ப்பு. முறிந்துவிடும் என்று பயந்து சோதிக்காமல் இருப்பவர்கள்தான் பிற்பகலில் மயங்கி விழுகிறார்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர் சஹரைத் தவறவிடவே கூடாது. அளவையும் நேரத்தையும் மாற்ற, ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

கீழக்கரை லாத்தா:
வைக்க முடியாதவர்கள் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். காய்ச்சல்காரரும் பயணியும் பிறகு களா வைத்தால் போதும். குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளி, தள்ளாத முதியவர் ஆகியோருக்கு ஃபித்யா, அதாவது நோன்புக்கு ஈடாக ஏழைக்குக் கொடுக்கும் உணவு. ஷாஃபிஈ கணக்கில் நாளுக்கு ஒரு முத்து என்ற தானிய அளவு. அரிசி சுமார் 600 கிராம், 30 நாளுக்கு 18 கிலோ. மாதவிடாயில் நோன்பு வைக்கவே கூடாது, பிறகு களா வைக்க வேண்டும், தொழுகைக்குக் களா இல்லை. கர்ப்பிணியும் பாலூட்டுபவரும் தன் உடம்புக்கு அஞ்சி விட்டால் களா மட்டும். பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டால் ஷாஃபிஈயில் களாவோடு ஃபித்யாவும் உண்டு, ஹனஃபியில் களா மட்டும்.

பெரிய தவறு எது தெரியுமா? களா வைக்கத் தெம்பிருந்தும் பணத்தைக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று இருப்பது. அது செல்லாது. காரணமில்லாமல் அடுத்த ரமலான் வரை இழுத்தடித்தால் ஷாஃபிஈயில் களாவும் வேண்டும், நாளுக்கு ஒரு முத்தும் கொடுக்க வேண்டும்.

நன்மை போய்விடுமா என்று கேட்டீர்கள். அடியார் நோயுற்றாலோ பயணம் செய்தாலோ, உடல்நலத்தோடு ஊரில் இருந்தபோது செய்தது போலவே அவருக்கு எழுதப்படும் என்று புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. அல்லாஹ் இலேசைத்தான் விரும்புகிறான் என்று 2:185 சொல்கிறது. மருத்துவர் கண்டிப்பாகக் கூடாது என்ற பிறகும் பிடிவாதமாக வைப்பது பக்தி ஆகாது, கொடுத்த சலுகையைத் தள்ளுவதுதான்.

தொண்டி மாணவன்:
ஜஸாகல்லாஹ் கைர் எல்லோருக்கும். ஒன்று மட்டும் காக்கா. இறையச்சம்தான் நோக்கம் என்றால் நிமிடக் கணக்கு எதற்கு என்று யாராவது மடக்கினால்?

காயல் காக்கா:
கேட்கட்டும், நல்ல கேள்விதான். எல்லையை நாமே வைத்துக்கொண்டால் அது நம் விருப்பம், கீழ்ப்படிதல் ஆகாது. அதனால்தான் கூட்டவும் உரிமை இல்லை. பேணுதல் என்று மஃரிபுக்குப் பின் கால்மணி நேரம் தாமதிப்பதில் நன்மை கிடையாது. காலையிலும் அப்படியே. அட்டவணையில் சஹர் முடிவு என்று பத்து நிமிடம் முன்னதாகப் போட்டிருப்பது எச்சரிக்கைக்காக மட்டும், 2:187-இன்படி வைகறை தெளிவாகும் வரை உண்ணலாம். ஆனால் சுப்ஹு பாங்கு முடியும் வரை சாப்பிடுவது தவறு, நேரம் வந்த பிறகுதானே பாங்கே சொல்கிறார்கள். அந்த நொடியில் வாயில் கவளம் இருந்தால் துப்பிவிட வேண்டும், நோன்பு கூடும். விழுங்கினால் அன்றைய நோன்புக்குக் களா.