தாத்தாவின் மடக்குக் கத்தி கறுத்துவிட்டது, தேய்க்கலாமா?

மேலூர்க்காரன்: தாத்தா கடைசி வரை மடியில் வைத்திருந்த கொம்புப்பிடி மடக்குக் கத்தி இப்போது என் சட்டைப்பையில். வாழைநார் அறுக்க, சாக்குத் தையல் பிரிக்க, கொய்யா நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். போன வாரம் மாங்காய் நறுக்கினேன், அலகு நீலமும் கறுப்புமாகிவிட்டது. உப்புத்தாள் போடலாமா? மனசே கேட்கவில்லை.

திருமங்கலம்: தேய்த்துவிடாதீர்கள்! அது கார்பன் எஃகு. புளிப்புப் பட்டால் கறுக்கும். அந்தப் படலம் துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். செந்துருவை மட்டும் எடுங்கள். நறுக்கியதும் துடைத்து ஈரமில்லாமல் மடக்குங்கள். கீலுக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய்.

சோழவந்தான்: என்னிடம் இருப்பது ஒபினெல் 8 என்ற மரப்பிடி மடக்குக் கத்தி, அலகு 8.5 செ.மீ. ஒபினெல் கத்திகளைப் பிரான்சில் 1890 முதல் செய்கிறார்கள். அலகைப் பூட்டும் வளையம் 1955இல் வந்தது. ஐப்பசி மழையில் மரப்பிடி ஊறித் திறக்கவே வராது. உங்களுடையதில் பூட்டு இருக்காது, நுனியால் குத்தி நெம்பாதீர்கள். விரல் மேலேயே மடங்கும்.

மேலூர்க்காரன்: சரி, கறுப்பு அப்படியே இருக்கட்டும். தாத்தா வேட்டி முனையில் துடைத்துத்தான் மடக்குவார், இப்போது புரிகிறது. மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போகும் நாளில் மட்டும் வீட்டில் வைத்துவிடுகிறேன்.