மெக்னீசியம்–அமிலம் சோதனை: ஜோஹனஸ்பர்க்கில் மோலார் கனஅளவு 27 வருகிறதே, ஏன்?

ஜோபர்க்_டியூஷன்

11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஹைட்ரஜனின் மோலார் கனஅளவு காணும் சோதனை. விவரம் இது: மெக்னீசியம் ரிப்பன் 0.040 கிராம், 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 50 மி.லி. வாயு பியூரெட் (அளவுக்கோடுகள் உள்ள குழாய்) தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து வைத்தது. சேர்ந்த வாயு 49.4 மி.லி. அறை, தண்ணீர் இரண்டும் 20 °செ. வானிலை ஆப்பில் அழுத்தம் 1024 ஹெக்டோபாஸ்கல், அதாவது 102.4 கிலோபாஸ்கல். நீராவிக்கு 2.3 கழித்து 100.1 என்று எடுத்தேன். எஸ்.டி.பி.க்கு (0 °செ., 101.3 கிலோபாஸ்கல் என்ற நியம நிலைக்கு) மாற்றினால் 45.5 மி.லி. மெக்னீசியம் 0.040 ÷ 24 = 0.001667 மோல். ஆக, ஒரு மோலுக்கு 27.3 லிட்டர். புத்தகத்தில் உள்ள 22.4 எங்கே, 27.3 எங்கே!

எத்தனை தடவை செய்தாலும் 27-ஐ ஒட்டியே வருகிறது. இதே சுருளிலிருந்து வெட்டிய ரிப்பனுக்கு டர்பனில் ஒரு நண்பருக்கு 41 மி.லி.தான் கிடைத்ததாம். பியூரெட் குழாயில் காற்று கசிகிறதா? இல்லை, ஹைட்ரஜன் இலட்சிய வாயு மாதிரி நடக்காததால் இப்படியா?

சாட்ஸ்வர்த்_லேப்

ஹைட்ரஜன் மேல் பழி போடாதீர்கள். இந்த அழுத்தத்தில் அது இலட்சிய நிலையிலிருந்து விலகுவது 0.1 சதவீதம்கூட இல்லை. உங்கள் விடை 22 சதவீதம் கூடுதல். பிழை எவ்வளவு பெரியது என்று முதலில் பார்த்தாலே பாதி சந்தேகம் ஓடிவிடும்.

கசிவு இருக்க வாய்ப்புண்டு. பியூரெட்டுக்குள் நீர்மட்டம் தொட்டியின் மட்டத்தைவிட உயரமாக நிற்கும்வரை உள்ளே அழுத்தம் குறைவு. மேல்முனைக் குழாய் சரியாக மூடாவிட்டால் வெளிக்காற்று உள்ளே நுழையும், கனஅளவு கூடும். வினை முடிந்த பிறகு கால் மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு. ஒவ்வொரு தடவையும் ஒரே எண் வருகிறது என்கிறீர்களே, கசிவு அத்தனை ஒழுங்காக நடக்காது.

தவறு அந்த 1024-இல்தான். வானிலை ஆப் காட்டுவது உங்கள் அறையில் இருக்கும் அழுத்தம் அல்ல. அளந்த அழுத்தத்தைக் கடல்மட்டத்துக்கு மாற்றிக் காட்டுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் வரைபடத்தில் ஜோஹனஸ்பர்க் எப்போதும் புயல் சின்னம் மாதிரி தெரியும், வானிலைக்காரர்களுக்கு அது உதவாது. விமான நிலைய அறிக்கையில் வரும் அழுத்தமும் இதே வகைதான், அதை எடுத்தாலும் இதே பள்ளத்தில் விழுவீர்கள்.

உயரம் தெரிந்தால் தோராயமாகத் திருப்பிக் கணக்கிடலாம். ஆப் காட்டும் எண்ணை 1500 மீட்டர் உயரத்தில் 0.83 ஆலும், 1600 மீட்டரில் 0.82 ஆலும், 1750 மீட்டரில் 0.81 ஆலும் பெருக்குங்கள். ஜோஹனஸ்பர்க் நகரம் ஏறத்தாழ 1750 மீட்டர். உங்கள் தெருவின் உயரத்தை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 600 மீட்டருக்கே 0.93 என்பதால் மாரிட்ஸ்பர்க் பக்கத்துப் பள்ளிகளும் 101.3 என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது.

1024 × 0.81 = 829 ஹெக்டோபாஸ்கல், அதாவது 82.9 கிலோபாஸ்கல். நீராவி போனால் ஹைட்ரஜனுக்கு 80.6. இனி எஸ்.டி.பி.க்கு மாற்றுங்கள்:

49.4 × (80.6 ÷ 101.3) × (273 ÷ 293) = 36.6 மி.லி.

36.6-ஐ 1.667-ஆல் வகுத்தால் 22.0 லிட்டர். தேர்வுத் தாளோடு வரும் தனிம அட்டவணையில் மெக்னீசியம் 24 என்று முழு எண்ணாகத்தான் இருக்கும். 24.3 போட்டுப் பாருங்கள், மோல் 0.001646 ஆகும், விடை 22.2. டர்பன் நண்பரின் 41-ஐயும் அவருடைய அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வைத்து இதே மாதிரி மாற்றினால் 22-ஐ ஒட்டித்தான் வந்து நிற்கும். ரிப்பனிலும் குற்றமில்லை, உங்கள் கைவேலையிலும் குற்றமில்லை.

மாரிட்ஸ்பர்க்_வாத்தியார்

அழுத்தக் கணக்கு சரி. ஆனால் 0.81 என்பது உத்தேசம்தான், அன்றைய காற்றின் வெப்பத்தைப் பொறுத்து அரை கிலோபாஸ்கல் முன்பின் ஆகும். சில கைபேசிகளில் காற்றழுத்த உணரி உண்டு. அதன் எண்ணைத் திருத்தாமல் அப்படியே காட்டும் செயலி கிடைத்தால் அதுவே மேல்.

உணரி இல்லையா, ஒரு பானைத் தண்ணீர் போதும். தண்ணீர் 95 °செ.இல் கொதித்தால் அறை அழுத்தம் 84.5 கிலோபாஸ்கல், 94 °செ.இல் கொதித்தால் 81.5. ஒரு டிகிரிக்கு 3 கிலோபாஸ்கல் என்று வருகிறதா, வெப்பமானி அரை டிகிரி பிசகினாலும் 1.5 போய்விடும். எனவே முதலில் நொறுக்கிய ஐஸ் மிதக்கும் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள். வெப்பமானியின் குமிழ் பானையின் அடியைத் தொடக்கூடாது. நல்ல பிழைகுறைந்த அளவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் 83-ஆ 102-ஆ என்ற சண்டையை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடும். பிள்ளைகளுக்கு மனதிலும் பதியும்.

இன்னும் சில இடங்களில் கை வழுக்கும். 0.040 கிராமை 0.01 கிராம் தராசில் நிறுத்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. உப்புத்தாளால் ரிப்பனைப் பளபளப்பாகும்வரை தேய்த்துவிட்டு, ஒரு மீட்டர் நீளத்தை நிறுங்கள். அது 1.00 கிராம் என்றால் 4 செ.மீ.க்கு 0.040. வெட்டுவதை அளவுகோலால் செய்யுங்கள். தேய்க்காத ரிப்பனில் சாம்பல் நிற ஆக்சைடு இருக்கும். அதன் எடை கணக்கில் ஏறும், ஹைட்ரஜன் மட்டும் வராது.

உங்கள் ஊரில் 4 செ.மீ. அதிகம். 49.4 என்பது 50 மி.லி. குழாயின் விளிம்பு, வெயில் நாளில் கோட்டைத் தாண்டிவிடும். 3.5 செ.மீ. போட்டால் 43 அல்லது 44-இல் நிற்கும்.

அப்புறம் அது உண்மையான வாயு பியூரெட்தானா, இல்லை டைட்ரேஷன் பியூரெட்டைக் கவிழ்த்ததா? டைட்ரேஷன் பியூரெட் என்றால் 50 குறிக்கும் குழாய்க்கும் நடுவில் கோடில்லாத இடம் இருக்கும். கவிழ்த்ததும் வாயு முதலில் அங்கேதான் போய் உட்காரும். அதைத் தண்ணீரால் அளந்து வைத்துக்கொண்டு, படித்த கனஅளவோடு கூட்ட வேண்டும்.

அளவு எடுக்கும் முன் உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாகும்படி ஆழமான ஜாடியில் பியூரெட்டை இறக்குங்கள். இறக்க இடமில்லையென்றால் மட்ட வித்தியாசத்தை அளந்து ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 1 கிலோபாஸ்கல் கழியுங்கள். வினை வெப்பம் உமிழ்வது, அதனால் குழாய் ஆற ஐந்து பத்து நிமிடம் விடவும். ரிப்பனைப் பிடித்திருக்கும் செம்புக் கம்பிச் சுருளில் ஒட்டிய குமிழிகளை விரலால் தட்டி மேலே அனுப்பவும். பக்கத்தில் தீ கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

ஜோபர்க்_டியூஷன்

நன்றி ஐயா. வாயு பியூரெட்தான், மட்டமும் சரி செய்துதான் படித்தேன். தண்ணீர் 94.5-இல் கொதிக்கிறது, ஆக 83 என்பது உறுதி. ஒரு சந்தேகம்: தேர்வில் பிள்ளைகள் 83 போடலாமா? இன்னொன்று, ஊசிக்குழல் வைத்துச் செய்யும் பாயில் விதிச் சோதனையிலும் (அழுத்தத்தை 1 ÷ கனஅளவோடு வரைவது) எங்கள் கோடு மூலப்புள்ளி வழியே போவதில்லை. அதுவும் இதே கதையா?

சாட்ஸ்வர்த்_லேப்

தேர்வில் கேள்வி கொடுக்கும் அழுத்தம் எதுவோ அதுதான். எஸ்.டி.பி. என்று சொன்னால் தகவல் தாளில் உள்ள 273 கெல்வின், 1.013 × 10⁵ பாஸ்கல், 22.4. அங்கே ஜோஹனஸ்பர்க் ஜோஹனஸ்பர்க் என்று குதித்தால் மதிப்பெண் போகும். இணையத்தில் 22.7 என்று பார்த்துக் குழம்பும் பிள்ளைகளும் உண்டு. சர்வதேச வேதியியல் ஒன்றியம் 1982-இல் நியம அழுத்தத்தை 100 கிலோபாஸ்கலாக மாற்றியதால் வந்த எண் அது, நம் தாளுக்கு வேண்டாம். வாயு மாறிலி ஆர் 8.31 என்றால் பாஸ்கலும் கன மீட்டரும் சேரும், கிலோபாஸ்கலும் லிட்டரும் சேரும். மாற்றிப் பிணைத்தால் ஆயிரம் மடங்கு பிசகும்.

ஊசிக்குழலும் அதே கதைதான், ஆனால் இங்கே நோயே மருந்தாகும். எடை வைத்து அழுத்தும்போது மொத்த அழுத்தம் = வளிமண்டல அழுத்தம் + எடையால் வந்த அழுத்தம். நீங்கள் 101.3 கூட்டியிருப்பீர்கள், அதனால் கோடு முழுவதும் 18 கிலோபாஸ்கல் மேலே ஏறி நிற்கும். வளிமண்டலத்தைக் கூட்டவே கூட்டாதீர்கள். எடையால் வந்த அழுத்தத்தை மட்டும் நிலைக்குத்து அச்சிலும், 1 ÷ கனஅளவைக் கிடை அச்சிலும் வரையுங்கள். கோடு நிலைக்குத்து அச்சைச் சுழிக்குக் கீழே வெட்டும். வெட்டும் இடம் –83 அருகே இருந்தால் அதுவே உங்கள் அறையின் காற்றழுத்தம்.

20 மி.லி. குழலில் 0 முதல் 20 வரை நீளம் 6.4 செ.மீ. என்றால் பரப்பு 20 ÷ 6.4 = 3.1 சதுர செ.மீ. ஒரு கிலோ வைத்தால் 31 கிலோபாஸ்கல் கூடும். உங்கள் ஊரில் 20 மி.லி. காற்று 14.5-க்கும், இரண்டு கிலோவில் 11.4-க்கும் சுருங்க வேண்டும். உருளைத்தண்டின் ரப்பர் உராய்வுதான் இதில் தொல்லை. எடை வைத்து லேசாக அழுத்திவிட்டு ஒரு அளவு, லேசாக இழுத்துவிட்டு ஒரு அளவு எடுத்து சராசரி பாருங்கள். ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் நிறைய உதவும்.

மாரிட்ஸ்பர்க்_வாத்தியார்

டயர் கணக்கிலும் இதைச் சேர்த்துவிடுங்கள், பிள்ளைகள் விரும்புவார்கள். பெட்ரோல் நிலைய மானி காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. டர்பனில் 220 கிலோபாஸ்கல் அடித்த டயருக்குள் உண்மையில் 321. என்-3 நெடுஞ்சாலையில் ஏறி ஜோஹனஸ்பர்க் வந்து, டயர் அதே வெப்பநிலைக்கு ஆறிய பின் அளந்தால் மானி 238 காட்டும். உள்ளே அதே 321தான், வெளியேதான் 101 குறைந்து 83 ஆகிவிட்டது. பாயில் விதியிலும், அழுத்தத்தையும் வெப்பநிலையையும் இணைக்கும் கே-லுசாக் விதியிலும் போட வேண்டியது 321. மானி எண்ணை அப்படியே போடுவதும் செல்சியஸை அப்படியே போடுவதும் ஒரே வகைத் தப்பு, விடைத்தாள் திருத்தும்போது இரண்டும் சேர்ந்தே வரும்.