இடைவெளியா, இடுக்கா? கடற்கரை மணலுக்குள் வாழும் உயிர்களுக்குச் சொல் தேடல்

அனைவருக்கும் வணக்கம்.

நம் சொல் தேடும் குழுவில் பினாங்குத் தங்கை கேட்டிருந்த நான்கு சொற்களைப் பற்றி மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடற்கரை மணலில் கிடைத்த ஒரு சின்னஞ்சிறு உயிரை அறிவியல் எப்படிப் புதிய இனமாக அறிவிக்கிறது என்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி ஒரு கட்டுரை எழுத அவர் முனைந்திருக்கிறார். அதற்கு இண்டர்ஸ்டிஷியல் விலங்கு (மணல்துகள்களுக்கு நடுவே வாழ்வது), மெயோஃபோனா (சல்லடை அளவால் வகுத்த சின்ன விலங்குகள்), மிஸ்டகோகரிடா (மணலில் வாழும் ஒரு சின்ன உயிர்க்கூட்டம்), ஹோலோடைப் (புதிய இனத்தின் பெயருக்கு உரியதாகக் குறித்து வைக்கும் மாதிரி) ஆகிய நான்குக்கும் தமிழ் வேண்டும். சென்னை ஐயா முதலாவதற்கு 'இடைவெளி விலங்கு' என்றார். யாழ்ப்பாணத்து அன்பர் 'மணல்வாழ் நுண்ணங்கி' என்றார். கோலாலம்பூர் நண்பர் எல்லாவற்றையும் அப்படியே ஒலிபெயர்த்துவிடலாம் என்கிறார்.

எனக்கு இதில் ஓர் உறுதியான கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன் அந்த உயிரைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அது எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால் சொல்லும் அதிலிருந்தே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

தங்கை எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு 1943இல் ராபர்ட் பென்னாக், டொனால்ட் ஸின் இருவரும் ஸ்மித்சோனியன் வெளியீட்டில் அறிவித்த டெரோகைலோகாரிஸ் டிபிகா. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், கனெடிகட் கடற்கரைகளின் மணலில் கிடைத்தது. அறிவித்தது ஒரு புதிய இனத்தை மட்டுமன்று. இறாலும் நண்டும் சேர்ந்த பெருங்கூட்டத்துக்குள் மிஸ்டகோகரிடா என்ற ஒரு புதிய வரிசையையே (இனத்தைவிடப் பல படி பெரிய பிரிவு) சேர்த்தார்கள். எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது அது கிடைத்த இடம். மாசசூசெட்ஸ் மணல் எடுக்கப்பட்டது உட்ஸ் ஹோல் என்ற ஊருக்குப் பக்கத்தில். 1888 முதல் கடலுயிர் ஆய்வுக்கூடம் இயங்கிவரும் ஊர் அது. உலகத்தின் பெரிய உயிரியலாளர்கள் அரை நூற்றாண்டாகக் கோடைதோறும் வந்து தங்கி, அந்த மணலில் நடந்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே ஒரு வரிசையே இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

அளவு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். நிறமில்லாத, நூல் துண்டு போன்ற உடல். உடம்பின் நடுப்பகுதியில் உள்ள கால்கள் குறுகித் தேய்ந்துபோய்விட்டன; நடப்பது, இரை சேர்ப்பது எல்லாம் தலையில் உள்ள உறுப்புகளின் வேலை. வால் நுனியில் கவை போல இரண்டு கூர்மையான கிளைகள்.

இனி நடை. நம் விவாதத்துக்கு முக்கியமானது இதுதான். இந்த உயிரைத் தனியே ஒரு கண்ணாடித் தட்டில், தண்ணீர்த் துளியில் விட்டால் அதனால் நகர முடியாது. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்து காலை ஆட்டும், அவ்வளவுதான். மேலே ஒரு மணல்துகள், கீழே ஒரு மணல்துகள் என்று இரண்டு பக்கமும் உடம்பை அழுத்தினால்தான் உந்தி நகர்கிறது. பாறைப் பிளவில் ஏறுகிறவர் ஒரு சுவரில் முதுகையும் எதிர்ச்சுவரில் காலையும் ஊன்றுவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே சென்னை ஐயா மீது மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன்: 'இடைவெளி' இங்கே பொருந்தாது. இடைவெளி என்றால் நம் மனத்தில் வருவது காலியான இடம். இரண்டு வீட்டுக்கு நடுவே இடைவெளி, பேச்சில் இடைவெளி, தலைமுறை இடைவெளி. அங்கே எதுவும் எதையும் தொடுவதில்லை. இந்த உயிருக்கு வேண்டியது தொடுதல், நெருக்கம், இரண்டு பக்கத்துப் பிடிப்பு. அதற்குத் தமிழில் 'இடுக்கு' இருக்கிறது. கதவிடுக்கில் விரல் மாட்டுகிறது. பல்லிடுக்கில் தேங்காய்ச் சில் சிக்குகிறது. அக்குளில் 'இடுக்கிக்கொண்டு' ஓடுகிறோம். இடுக்கு என்ற சொல்லிலேயே இரண்டு பக்கத்து அழுத்தமும் இருக்கிறது.

ஆனால் 'இடுக்கி' என்று முடிக்கக் கூடாது. அது ஏற்கெனவே பற்றிப் பிடிக்கும் கருவியின் பெயர். இலங்கைப் பாடநூல்களில் தவளைக் கூட்டத்தை 'ஈரூடகவாழி' என்று எழுதுகிறார்கள் இல்லையா, அந்த வழியில் 'இடுக்குவாழி' என்று வைக்கலாம். மணல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மணலிடுக்குவாழி'. யாழ்ப்பாணத்து அன்பருக்கும் 'வாழி' அந்நியமாக இராது. அவர் சொன்ன 'நுண்ணங்கி'யை விட்டுவிடலாம் என்பேன். அதைப் படிக்கிறவர் பாக்டீரியாவை நினைத்துக்கொள்வார். இதுவோ மூளையும் குடலும் தசையும் உள்ள முழு விலங்கு.

இந்தச் சொல் சேற்றுக்குப் பொருந்தாது என்பதும் எனக்கு அதன் பலமாகத் தோன்றுகிறது. நான் இருக்கும் மலேசியாவின் பந்திங்கிலிருந்து மோரிப் கடற்கரை பக்கம்தான். விடுமுறை நாளில் இங்குள்ள தோட்டத்துக் குடும்பங்கள் எல்லாம் போகிற கடற்கரை. மேலே மணல், வற்றம் வந்தால் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் படை அங்கே கரையிறங்கியபோது உறுதியான மணல் என்று நம்பி இறக்கிய வண்டிகள் பல சேற்றில் புதைந்து நின்றன. மேலே மெல்லிய மணல், அடியில் களி. இடுக்குவாழிகள் இருக்குமா இராதா என்பதையும் இதே வேறுபாடுதான் முடிவு செய்கிறது. துகள் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நடுவே நீர் நிற்கும் இடுக்குகள் இருக்கும், அவற்றில் நூல் போன்ற உயிர்கள் நுழைந்து திரியும். துகள் அதைவிட நுண்மையாகிக் களியானால் இடுக்கு அடைபடும். அங்கேயும் சின்ன உயிர்கள் உண்டு, ஆனால் அவை சேற்றைத் தள்ளி வளை தோண்டுகிறவை. இடுக்கு இல்லாத இடத்தில் இடுக்குவாழி இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிலேயே பாடம் வந்துவிடுகிறது.

இங்கேதான் இரண்டாவது சொல்லின் தேவையும் வருகிறது. மெயோஃபோனாவும் இண்டர்ஸ்டிஷியலும் ஒன்றுதானே, ஒரே சொல் போதுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒன்றல்ல. இடுக்குவாழி என்பது வாழிடத்தைச் சொல்வது. மெயோஃபோனா அளவைச் சொல்வது. சேற்றில் தோண்டுகிற சின்ன உயிரும் மெயோஃபோனாதான், ஆனால் இடுக்குவாழி அன்று. 1942இல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்பகுதியை ஆய்ந்த மாலி மேர் அம்மையார் 'சிறியது' என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து மெயோபெந்தோஸ் என்ற சொல்லை உண்டாக்கினார். அதன் வழி வந்ததுதான் இதுவும்.

அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்? சல்லடை வைத்து. 1 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் (சிலர் அரை மில்லிமீட்டரை எடுத்துக்கொள்கிறார்கள்) இறங்கிவிட வேண்டும். 63 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கண் உள்ள சல்லடையில் தங்க வேண்டும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள் 45, 38 என்று போகிறார்கள். மேல் சல்லடையில் நின்றால் பெரிய விலங்கு. கீழ்ச் சல்லடையிலும் இறங்கினால் நுண்ணுயிர். நடுவில் நிற்பது மெயோஃபோனா.

இதைப் படித்தவுடன் எனக்கு ஆத்தா ஞாபகம்தான் வந்தது. லயத்து வீட்டு வாசலில், ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்த மதியத்தில், இரண்டு சல்லடை வைத்து அரிசி சலிப்பார். முதல் சல்லடையில் முழு அரிசி நிற்கும். இறங்கியதை இரண்டாவதில் போடுவார். தூசியும் தவிடும் கீழே போகும், நடுவில் நிற்பது நொய். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அதில்தான் கஞ்சி. ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதே வேலை, இதே வரிசையில். நொய் என்ற சொல்லுக்கு உடைந்த அரிசி என்பதோடு சிறுமை, நுண்மை என்ற பொருளும் பழைய வழக்கில் உண்டு. ஆகவே மெயோஃபோனாவுக்கு 'நொய்யுயிரி' என்று முன்மொழிகிறேன். 'சிற்றுயிரி', 'குறுவிலங்கு' எல்லாம் சிறியது என்று மட்டும் சொல்லும். நொய் என்பது இரண்டு சல்லடைக்கு நடுவே நிற்கும் அளவு. வரையறையே சொல்லுக்குள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் சில பக்கம் இதைக் குருணை என்பார்கள் என்று தெரியும். 'குருணையுயிரி' என்றாலும் எனக்கு மறுப்பில்லை. நொய் ஒரே அசையாக இருப்பதால் தொடர்களில் எளிதாக ஒட்டும்: நொய்யுயிரி, நொய்யுயிரியியல், நொய்யளவு.

மணலிலிருந்து இவற்றைப் பிரித்தெடுக்கும் முறைக்கும் சொல் தேட வேண்டியதில்லை. மணலை வாளியில் போட்டு, நீர் விட்டு, சுழற்றிக் கலக்கி, கனமான மணல் கீழே படிந்ததும் மேல்நீரைச் சல்லடையில் ஊற்றுகிறார்கள். லேசான உயிர்கள் நீரோடு வந்துவிடும். இதைத்தான் நம் வீட்டில் அரிசி 'அரிப்பது' என்கிறோம். அங்கே அரிசி வந்துவிடும், கல் தங்கிவிடும். தங்கை தன் வரைவில் 'நீர்வழிப் பிரித்தல்' என்று எழுதியிருந்தார். 'அரித்தெடுத்தல்' என்று மாற்றினால் எந்த அம்மாவுக்கும் விளக்க வேண்டியிராது.

இதெல்லாம் அடுப்படிச் சொற்கள், அறிவியலுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா என்று போன வாரம் வேறொரு சொல்லுக்கு ஒருவர் எழுதியிருந்தார். மேலை அறிவியலாளர்களின் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். இறாலும் நண்டும் சேர்ந்த அதே கூட்டத்துச் சின்ன உயிரான கோப்பிபாட்டின் பெயரில் இருப்பது படகுத் துடுப்பு. நாமும் அதைத் துடுப்புக்காலி என்று எழுதப் பழகிவிட்டோம். வால் கிளைகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் ஃபர்கா என்பது லத்தீனில் வைக்கோல் அள்ளும் கவை. மீனவரிடமும் உழவரிடமும் எடுத்ததைத்தான் அவர்கள் ஆய்வேட்டில் எழுதினார்கள். நாம் அதை 'வாற்கவை' என்று எழுதினால் என்ன குறை?

எங்கள் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பந்திங்கைச் சுற்றிப் பால்மரம் போய் எண்ணெய்ப் பனை வந்தபோது மலேசியத் தமிழர் அதைச் 'செம்பனை' என்றார்கள். குலையின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். இன்று நாளிதழ், பாடநூல், தோட்டத்து ஆள் எல்லோருக்கும் அது செம்பனைதான். யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை.

மூன்றாவது சொல் எனக்கு மிகவும் பிடித்தது. மிஸ்டகோகரிடா என்ற பெயரில் உள்ளவை மீசை, இறால் என்னும் இரண்டு கிரேக்கச் சொற்கள். வாயுறுப்புகளில் அடர்ந்திருக்கும் மயிர்களைப் பார்த்து வைத்தது. கோலாலம்பூர் நண்பரே, இதை ஒலிபெயர்த்தால் ஒரு பிள்ளைக்கு ஐந்து எழுத்துக்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், மீசையும் காணாமல் போய்விடும். 'மீசையிறால்' என்று ஒருவர் சொன்னது நன்றாக இருந்தது. ஆனால் இறால் என்றதும் கறிச்சட்டி அளவு மனத்தில் வரும். சிறிய இறாலினத்துக்கு நம்மிடம் 'கூனி' இருக்கிறது. இங்கே பெலாச்சான் என்ற இறால் விழுது செய்வது அதில்தான். 'மீசைக்கூனி' என்றால் அளவும் தோற்றமும் சேர்ந்து வருகிறது. உண்மையான கூனிக்கு இது நெருங்கிய உறவில்லை என்பது சரி. கிரேக்கப் பெயரும் அதே உரிமையைத்தான் எடுத்துக்கொண்டது, கடற்குதிரையும் குதிரையன்று.

நான்காவது, ஹோலோடைப். இதற்கு வந்த 'முழுவகை', 'ஒருவகை' இரண்டும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. படிக்கிறவருக்கு எதுவும் விளங்காது. ஓர் இனத்தை அறிவிக்கும்போது ஒரே ஒரு மாதிரியைக் குறிப்பிட்டு, இந்தப் பெயர் இதற்கு உரியது என்று அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். நாளை குழப்பம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். 1999க்குப் பிறகு வெளியிடப்படும் புதிய இனம் எதற்கும் இப்படிப் பெயருக்குரிய மாதிரியை வெளிப்படையாகக் குறித்தே ஆக வேண்டும் என்பது பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதி. அந்த விதிநூலே இத்தகைய மாதிரியைப் பெயரைத் தாங்குவது என்றுதான் விளக்குகிறது. சுமைதாங்கி உள்ள மொழியில் 'பெயர்தாங்கி' இயல்பாக வருகிறது. விதியில் வேறு சில வகைப் பெயர்தாங்கிகளும் இருப்பதால், அறிவிக்கும்போதே குறிக்கப்படும் ஹோலோடைப்பை 'முதற்பெயர்தாங்கி' எனலாம். கூட வைக்கும் மற்ற மாதிரிகள் பெயரைத் தாங்குவதில்லை. அவை 'துணைமாதிரிகள்'.

சொற்களை வரிசையாகப் பார்ப்பதைவிட ஒரு பத்தியில் ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். தங்கையின் வரைவிலிருந்து ஒரு பகுதியை மாற்றி எழுதியிருக்கிறேன்:

'அலை வந்து போகும் மணலை அள்ளி, நன்னீரிலோ கடல்நீரிலோ கலக்கி அரித்தெடுத்தால் நொய்யுயிரிகள் சல்லடையில் தங்கும். அவற்றில் நூற்புழுக்களே மிகுதி. அடுத்தபடியாகப் பெரும்பாலும் துடுப்புக்காலிகள். அரிதாக ஒரு மீசைக்கூனியும் கிடைக்கலாம். அது ஓர் இடுக்குவாழி. வாற்கவையை விரித்து, துகளுக்கும் துகளுக்கும் நடுவே உடலை அழுத்தி நகரும். புதியது என்று ஐயம் எழுந்தால் ஊசி முனையால் ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்து, மயிர் எண்ணிக்கை விடாமல் வரைய வேண்டும். பிரிக்காமல் முழுதாகக் காத்த ஒன்றை முதற்பெயர்தாங்கியாக வைப்பதும் உண்டு.'

சத்தமாகப் படித்துப் பார்த்தேன். எங்கும் தடுக்கவில்லை. 'நொய்யுயிரிகள்' மட்டும் முதல்முறை கொஞ்சம் நின்றது, இரண்டாம் முறை சரியாகிவிட்டது. உங்களுக்கு எங்கே தடுக்கிறது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அரிசி அரிப்பதற்கென்றே உட்புறம் வரி வரியாக இருக்கும் மண்சட்டியை அரிக்கன்சட்டி என்பார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் சாதாரண அலுமினியக் குண்டான்தான். ஆய்வில் பயன்படும் கலத்துக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாமா? அதைப் புழங்கிய மூத்தவர்கள் யாராவது, அந்த வரிகளில் கல் எப்படித் தங்கும் என்று விவரமாக எழுதினால் தங்கைக்கு உதவியாக இருக்கும்.

அன்புடன்,
பந்திங்கிலிருந்து